புதுக் காருக்குப் புக்கிங் போடும் முன் பழைய காரின் விலையைப் பாருங்கள்

புதுக் காருக்கு முன்பணம் கட்டிவிட்டுப் பழைய காரை விற்க இறங்கினால் பேரம் பேசும் பலம் போய்விடும். புதுக் கார் வரும் நாள் நெருங்க நெருங்க, முதலில் வரும் விலைக்கே தலையாட்ட வேண்டியதாகும். வாங்க ஆள் உண்டா, எந்த விலைக்கு என்பதை முன்கூட்டியே சோதித்துப் பாருங்கள்.

கடன் இருந்தால் முதலில் வங்கியிடம் முழுத் தீர்வுத் தொகையை எழுத்தில் கேளுங்கள். ஒன்பது வருடக் கடனில் பாதிக் காலம் கட்டியாயிற்று, அசலும் பாதி தீர்ந்திருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. ஆரம்ப வருடங்களில் தவணையில் வட்டியின் பங்கு அதிகம், பிறகுதான் குறைகிறது. தீர்வுத் தொகை சந்தை விலையைத் தாண்டினால், மிச்சம் உங்கள் கைப்பணம்.

அடுத்து விலை. மலேசியாவின் முடா, கார்லிஸ்ட் விளம்பரத் தளங்களில் அதே மாடல், அதே வருடம், அதே ரகக் கார்களைப் பாருங்கள். அங்கே இருப்பது கேட்கும் விலை. டீலர் போட்டதில் அவர் லாபமும் சேர்ந்திருக்கும். கார் வாங்கும் நிறுவனங்கள் இரண்டு மூன்றிடம் மதிப்பீடு கேட்டால் அடிமட்ட விலை தெரிந்துவிடும். இரண்டுக்கும் நடுவில் ஒரு விலை வைத்து விளம்பரம் போடுங்கள். "விற்பது இன்னும் முடிவாகவில்லை, பார்க்க வரலாம், புக்கிங் இப்போது வேண்டாம்" என்று அதிலேயே எழுதிவிடுங்கள். வருபவரின் நேரத்துக்கும் மரியாதை வேண்டும். கிராண்ட் எனும் வாகனப் பதிவுச் சான்றின் படத்தை மட்டும் போடவே வேண்டாம். அதில் உங்கள் அடையாள அட்டை எண் இருக்கிறது.

சம்பள நாள் உள்ளே வரும்படி விளம்பரத்தை இரண்டு வாரம் விடுங்கள். வாட்ஸ்அப்பில் எத்தனை பேர் வந்தார்கள் என்ற கணக்கு மட்டும் ஏமாற்றும். "கடைசி விலை?" என்று மட்டும் கேட்பவர் பெரும்பாலும் வாங்குபவர் அல்லர். எத்தனையாவது உரிமையாளர், வெள்ளத்தில் சிக்கியதா, சர்வீஸ் புத்தகம் உண்டா, எப்போது பார்க்கலாம் என்று கேட்பவரைக் குறித்து வையுங்கள். விளம்பரத்தைப் பார்த்தும் யாரும் கேட்கவில்லை என்றால் பெரும்பாலும் விலைதான் காரணம். கேட்டவர் பார்க்க வரவில்லை என்றால் படமும் விவரமும் போதவில்லை. வந்து பார்த்துத் திரும்பினால் குறை காரில். என்ன பிடிக்கவில்லை என்று தயங்காமல் கேளுங்கள். தேய்ந்த டயராக இருந்தால் சரிசெய்யலாம், கியர்பாக்ஸ் என்றால் விலையில்தான் கழிக்க வேண்டும். விலையை ஒருமுறை குறைத்துப் பார்ப்பது சரி. தினமும் குறைத்தால், கவனித்துக்கொண்டிருப்பவர் இன்னும் இறங்கட்டும் என்று காத்திருப்பார்.

கடனில் வாங்குபவர் சொல்லும் விலையை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். வங்கி குறைவாக மதிப்பிட்டால் வித்தியாசத்தை அவர் ரொக்கமாகக் கட்ட வேண்டும். அங்கேதான் பல பேரங்கள் முறிகின்றன. "சம்புங் பாயார்", அதாவது காரைக் கொடுங்கள், மீதித் தவணையை நான் கட்டுகிறேன் என்று வருபவரை அங்கேயே நிறுத்துங்கள். கடன் உங்கள் பெயரிலேயே இருக்கும், வங்கியின் சம்மதமின்றிக் காரைக் கைமாற்றுவது 1967 ஹையர் பர்சேஸ் (தவணைக் கொள்முதல்) சட்டப்படி குற்றம். சோதனைக் காலத்தில் முன்பணமும் வாங்காதீர்கள். வாங்கினால் விற்க ஒப்புக்கொண்டதாக வாதிட இடமுண்டு.

பெயர் மாற்றத்துக்காக வாகனப் பரிசோதனை நிறுவனமான புஸ்பாகோம் செய்யும் பி5 பரிசோதனைக்கு இப்போது போக வேண்டியதில்லை. அறிக்கைக்குக் காலக்கெடு உண்டு. ஆனால் கறுப்புக் கண்ணாடியை இப்போதே பாருங்கள்: முன்கண்ணாடியில் 70%, முன்பக்க ஜன்னல்களில் 50% வெளிச்சம் ஊடுருவ வேண்டும். சம்மன் (போக்குவரத்து அபராதம்) பாக்கியையும் தேடிப் பாருங்கள், சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயின் கறுப்புப் பட்டியலில் இருந்தால் பெயர் மாற்ற முடியாது. நல்ல ஆள் கிடைத்து விற்க முடிவெடுத்தாலும், பெயர் மாற்றம் முடியும்வரை சாவியைக் கொடுக்காதீர்கள். அதுவரை வரும் சம்மன் உங்கள் பெயருக்கே வரும்.