அசையாத காற்றைத் தைக்கிற வேலை

எங்கள் பக்கத்து வீட்டு அக்கா அம்பத்தூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் டெய்லர். கத்திரி வெயில் கொளுத்தும் மே மாதத்தில்தான் அவருடைய லைனில் குளிர்கால ஜாக்கெட் ஓடும். கப்பல் ஏறி, அங்கே குளிர் தொடங்குவதற்குள் கடைக்குப் போய்ச் சேர வேண்டுமே. போன வருடம் வந்தது பெண்களுக்கான மாடல். அமெரிக்காவின் மேற்கே பண்ணையில் மாடு, குதிரை பார்ப்பவர்கள் போடுகிற மாதிரி: வெளியே கெட்டி கேன்வாஸ், உடம்புப் பகுதிக்குள் செம்மறி ரோமம் போலச் சுருண்ட துணி, கைக்குள் பஞ்சு போன்ற பேடிங், தோளில் வளைந்து இறங்கும் யோக் என்ற தனித் துண்டு, முன்னால் ஜிப், அதன் மேல் மூடும் பட்டைக்குப் பிரஸ் பட்டன்.

வெட்டியதுபோக மிஞ்சிய பேடிங் துண்டு ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார். "பஞ்சு மாதிரி லேசா இருக்கு. இதுல எங்க டீச்சர் சூடு இருக்கு? பனியில இதப் போட்டுக்கிட்டு எப்படி நிக்கிறாங்க?"

பதில் சொல்லாமல், இரண்டு எவர்சில்வர் டம்ளரில் இரண்டிரண்டு ஐஸ் கட்டி போட்டேன். ஒன்றை மட்டும் அந்தத் துண்டால் அடிவரை சுற்றி, மேலேயும் மூடினேன். எது முதலில் கரையும்? சுற்றியதுதான் என்றார் அக்கா, யோசிக்காமலே. ஏறக்குறைய முக்கால் மணி நேரம் கழித்துப் பார்த்தால், திறந்திருந்த டம்ளர் வெளியே வியர்த்து வழிந்தது. உள்ளே வெறும் தண்ணீர். சுற்றிய டம்ளரில் இரண்டு கட்டிகளும் மூலை மழுங்கி மிதந்துகொண்டிருந்தன. அக்கா துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

அதில் சூடு எதுவும் இல்லை. சூடு ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கம் போவதைத் தாமதப்படுத்துவதுதான் அதன் வேலை. ஐஸைச் சுற்றினால் வெளிச்சூடு உள்ளே வரத் தாமதமாகும். உடம்பைச் சுற்றினால் உடம்புச்சூடு வெளியே போகத் தாமதமாகும். சென்னைக்கு இது பழகிய விஷயம். மெரினாவைப் பார்த்து நிற்கும் ஐஸ் ஹவுஸ், இப்போதைய விவேகானந்தர் இல்லம், 1842-ல் பனிக்கட்டி சேமித்துவைக்க, இதை நம்பித்தான் கட்டப்பட்டது. ஃபிரடெரிக் டியூடர் என்ற பாஸ்டன் வியாபாரி, மாசசூசெட்ஸ் ஏரிகளில் உறைந்த பனியை அறுத்து, மரத்தூளில் பொதிந்து கப்பலேற்றினார். 1833-ல் கல்கத்தாவுக்குப் போன முதல் சரக்கு, நான்கு மாதம் கடலில் கிடந்தும் பாதிக்கு மேல் கரையாமல் வந்து சேர்ந்தது.

மரத்தூளும் பேடிங்கும் செய்வது ஒரே காரியம்: காற்றை ஆடாமல் அசையாமல் நிறுத்திவைப்பது. சூட்டைக் கடத்துவதில் காற்று மகா மந்தம். ஆனால் சூடானதும் லேசாகி மேலே கிளம்பிவிடும். போகும்போது சூட்டையும் தூக்கிக்கொண்டு போகும். அந்த ஓட்டத்தை மட்டும் தடுத்துவிட்டால் போதும். பாலியஸ்டர் இழை, செம்மறி ரோமத்தின் சுருள், வாத்தின் மென்தூவி எல்லாமே காற்றைச் சின்னச் சின்ன அறைகளாகப் பிரித்து, சுழலக்கூட இடம் கொடுக்காமல் பிடித்துவைக்கின்றன. சும்மா உட்கார்ந்திருக்கும் மனித உடம்பே சுமார் 100 வாட் சூட்டை விடுகிறது, அந்தக் காலத்துக் குண்டு பல்பு ஒன்றின் அளவு. ஜாக்கெட் அந்தச் சூட்டைத்தான் சேமிக்கிறது.

ஆகவே எடையைவிடப் பருமன் முக்கியம். தூவியின் தரத்தைக்கூட அது எவ்வளவு உப்புகிறது என்பதை வைத்தே அளக்கிறார்கள். 600 என்று குறித்த தூவி என்றால் 28 கிராமே சுமார் 10 லிட்டர் இடத்தை நிரப்பும், ஒரு சின்ன பக்கெட் அளவு. இதைச் சொன்னபோதுதான் அக்காவுக்குப் பழைய சம்பவம் ஒன்று விளங்கியது. புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன், பேடிங் வைத்த கைகளைச் சூடு அதிகமாக வைத்து அயர்ன் பண்ணிவிட்டான். கறை இல்லை, கிழிசல் இல்லை, தையல் நேராக இருந்தது. ஆனாலும் பண்டல் மொத்தமும் ரிஜெக்ட். இழை படிந்துவிட்டது, காற்றுக்கு இடம் போய்விட்டது. வெளிநாட்டிலிருந்து வந்த ஜாக்கெட்டை மடக்கி அமுக்கி, சூட்கேஸில் திணித்து, வருடக்கணக்கில் பரணில் போட்டுவைக்கும் வீடுகளிலும் மெதுவாக இதேதான் நடக்கிறது. தயவுசெய்து ஹேங்கரில் தொங்கவிடுங்கள்.

வெளியே கேன்வாஸ் எதற்கு? நம் தோலை ஒட்டி எப்போதும் மெல்லிய சூடான காற்றுப் படலம் ஒன்று இருக்கும். ஃபேன் போட்டதும் இதமாக இருப்பதற்கு, அது வியர்வையை உலர்த்துவதோடு இந்தப் படலத்தைக் கலைப்பதும் காரணம். பண்ணை வெளியில் ஃபேனை நிறுத்த முடியாது. அமெரிக்காவும் கனடாவும் 2001-ல் ஏற்றுக்கொண்ட கணக்குப்படி, மைனஸ் 10 டிகிரியில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்றடித்தால், திறந்த முகத்துக்கு மைனஸ் 20 போல உறைக்கும். நெருக்கி நெய்த கேன்வாஸ் அந்தக் காற்றை வெளியிலேயே நிறுத்துகிறது. ஜிப்பின் பல்லிடுக்கில் நுழைவதை மேலே மூடும் பட்டை தடுக்கிறது.

இன்னொரு எதிரி உள்ளிருந்தே வருகிறது: வியர்வை. பனியிலும் தீவனக் கட்டைத் தூக்கினால் வியர்க்கும். தண்ணீர் காற்றைவிடச் சுமார் 25 மடங்கு நன்றாகச் சூட்டைக் கடத்தும். காட்டன் லைனிங் வியர்வையைக் குடித்து, காற்று இருந்த இடத்தையெல்லாம் தண்ணீரால் நிரப்பிக்கொள்ளும். வேலை முடிந்து நின்றதும் குளிர் எலும்பில் ஏறும். ஆட்டு ரோமம் தன் எடையில் சுமார் மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை இழைக்குள்ளேயே வாங்கிக்கொண்டும் நனைந்த மாதிரி தெரியாது. பாலியஸ்டர் இழை ஈரத்தை ஏறக்குறைய வாங்குவதே இல்லை. டியூடரின் அதே மாசசூசெட்ஸில், மால்டன் மில்ஸ் என்ற துணி ஆலை 1979-ல் கொண்டுவந்த ஃபிளீஸ் என்ற மொசுமொசு பாலியஸ்டர் துணி இதனால்தான் ஜெயித்தது. அக்கா தைத்த சுருள் லைனிங் அதன் உறவுதான்.

பெண்கள் மாடல் என்றால் ஆண்கள் ஜாக்கெட்டை இடுப்பில் பிடித்துத் தைத்தால் போதும் என்று நினைக்கும் கம்பெனிகள் மீது எனக்குக் கோபம் உண்டு. தூக்கு நிறைய இருக்கும் பாலைவிட டம்ளர் பால் சீக்கிரம் ஆறும். சிறிய உடம்புக்கும் அப்படித்தான்: எடையோடு ஒப்பிட்டால் சூடு இழக்கும் பரப்பு அதிகம். தவிர, குளிரில் பெண்களின் கை கால் விரல்களுக்குப் போகும் ரத்தம் சீக்கிரம் குறைந்துவிடும், நடு உடம்பைக் காப்பதற்காக. விரல்தான் முதலில் சில்லிடும். அப்படியிருக்க, அழகுக்கு வைத்த இரண்டு விரல் ஆழப் பாக்கெட் யாருக்கு உதவும்? மணிக்கட்டு வரை புதைகிற, உள்ளே லைனிங் வைத்த பாக்கெட் வேண்டும். மணிக்கட்டை இறுக்கும் ரிப் கஃப், அதாவது இழுபடும் பின்னல் பட்டை, வேண்டும். இடுப்பு ரொம்பப் பிடித்தால் உள்ளே போட்ட ஸ்வெட்டர் அமுங்கும். ரொம்பத் தொளதொளத்தால் ஒவ்வொரு அசைவுக்கும் துருத்தி மாதிரி சூடான காற்று கழுத்து வழியே வெளியேறும்.

அக்காவைப் படுத்திய இடம் முதுகு. யோக்குக்குக் கீழே, தோளோரம் இரண்டு பக்கமும் ஆழமான மடிப்பு. கடிவாளம் பிடிக்கக் கை முன்னே நீளும்போது அந்த மடிப்பு விரியும். இல்லாவிட்டால் ஜாக்கெட்டின் கை மேலே ஏறி மணிக்கட்டு குளிரில் தெரியும். பிரஸ் பட்டனுக்கும் காரணம் உண்டு. சேணத்திலோ முள்வேலியிலோ துணி மாட்டினால் அது தானாகவே விட்டுவிடும்; கையுறையோடு ஒரே இழுப்பில் திறக்கவும் வரும். 1946-ல் டென்வரில் தொழில் தொடங்கிய ஜாக் வைல்தான் மேற்கத்தியச் சட்டைகளில் அதைப் பரவலாக்கியவர்.

இந்த மே மாதமும் ஆர்டர் வந்திருக்கிறது. பண்டல் கட்டுமுன் ஒவ்வொரு கையையும் கட்டைவிரலால் அமுக்கிவிட்டு எழும்புகிறதா என்று பார்க்கிறாராம் அக்கா.

"எழும்பலன்னா தனியா எடுத்து வச்சிடறேன் டீச்சர். உள்ள காத்து இல்லல்ல."