சுபக்கி: மரத்தின் பக்கத்தில் வசந்தம்

ஜப்பானிய மொழி படிக்கத் தொடங்குபவர்கள் முதல் சில வாரங்களிலேயே மரம் என்ற எழுத்தைக் கற்றுவிடுவார்கள். நான்கே கோடு: குறுக்கே ஒன்று, அதை வெட்டி நெடுக்காக ஒன்று, வெட்டிய இடத்திலிருந்து இருபுறமும் சரியும் இரண்டு. அந்த மரத்தைக் கொஞ்சம் ஒடுக்கி இடப்பக்கம் நிறுத்தி, வலப்பக்கம் வசந்தம் என்ற எழுத்தை எழுதினால் மொத்தம் 13 கோடுகளில் ஒரு பூமரத்தின் பெயர் வந்துவிடும். அதுதான் சுபக்கி. குளிர் விடுவதற்கு முன்பே, தடித்துப் பளபளக்கும் இலைகளுக்கு நடுவே சிவப்பாகப் பூக்கும் மரம். தாவரவியலில் இதன் பேரினப் பெயர் காமெலியா.

முதலில் ஒலியைப் பார்த்துவிடலாம். ஜப்பானியர் வாயில் முதல் ஒலி 'ட்சு'. தமிழில் சொல்லின் முதலில் மெய் நிற்காது. ட்சுனாமியைச் சுனாமி என்று எழுதி நமக்குப் பழகிவிட்டது. அதே வழியில் இது சுபக்கி. சுபாகி என்று எழுதினால் இல்லாத நெடில் வந்துவிடும், ககரமும் மெலிந்துவிடும்.

பெயர் எங்கிருந்து வந்தது என்பதற்கு இரண்டு விளக்கங்கள் சொல்கிறார்கள். 'அட்சு' என்றால் தடிப்பு, 'ப' என்பது இலை, 'கி' என்பது மரம். தடித்த இலை மரம் என்பது தேய்ந்து சுபக்கி ஆனது என்பது ஒன்று. 'ட்சுய' என்றால் மினுமினுப்பு; மினுக்கும் இலை மரம் என்பது இன்னொன்று. எது சரியானாலும், பெயர் வைத்தவர் கண் பூவில் நிற்கவில்லை, இலையில் நின்றிருக்கிறது. எழுத்தோ இலையையும் பார்க்கவில்லை, பூவையும் பார்க்கவில்லை, பருவத்தைக் காட்டுகிறது. ஒரே மரத்துக்கு வாயில் ஒரு பெயர்க்காரணம், தாளில் வேறொரு காரணம். இந்த எழுத்துகளைப் படிப்பதில் எனக்குப் பிடித்ததே இதுதான்.

இந்த எழுத்துகளின் பொதுப்பெயரிலேயே வரலாறு இருக்கிறது. 'கன்' என்பது ஹான், சீனத்தின் ஒரு பழைய அரச மரபின் பெயர். 'ஜி' என்பது எழுத்து. ஆகவே கன்ஜி என்றால் ஹான் எழுத்து. தமிழில் இதைச் சித்திர எழுத்து என்று சொல்லிவிடுகிறோம். அது பொருத்தமில்லை என்பேன். மரம், மலை போன்ற சில எழுத்துகள்தாம் படத்திலிருந்து வந்தவை. பெரும்பாலானவை இரண்டு உறுப்புகளால் ஆனவை: ஒன்று பொருளின் வகையைச் சொல்லும், மற்றது ஒலியைச் சொல்லும்.

சுபக்கியின் கதை திரும்புவதும் இங்கேதான். சீனத்தில் இதே எழுத்தின் ஒலி 'சுன்'. வசந்தத்துக்கும் அங்கே 'சுன்'தான். அதாவது, சீன எழுத்தில் வசந்தம் பொருளுக்காக வரவில்லை, ஒலி காட்ட வந்து நிற்கிறது. மரமும் வேறு. அங்கே அந்த எழுத்து குறிப்பது நம் வேம்பின் குடும்பத்தைச் சேர்ந்த, இளந்தளிரைக் கீரையாகச் சமைக்கிற ஒரு நெடுமரத்தை. சுவாங் சு என்ற பழைய சீன நூலில் எண்ணாயிரம் ஆண்டுகளை ஒரு வசந்தமாகவும், எண்ணாயிரம் ஆண்டுகளை ஓர் இலையுதிர் காலமாகவும் கொண்டு வாழும் பெருமரம் ஒன்று வருகிறது. அந்த மரத்தின் பெயர் இந்த எழுத்துதான். அதனால்தான் நீண்ட ஆயுளைக் குறிக்கும் 'சின்ஜு' என்ற ஜப்பானியச் சொல்லிலும் இது உட்கார்ந்திருக்கிறது. ஜப்பானியரோ ஒலியுறுப்பைப் பொருளாகவே படித்தார்கள்: வசந்தத்தை முன்னறிவிக்கும் மரம். சீன எழுத்தைப் பார்க்காமல் தாங்களே இப்படி ஒட்டி உருவாக்கினார்கள் என்று சொல்வோரும் உண்டு. எப்படியானாலும், ஒரே எழுத்து சீனத்தில் வேம்பின் உறவு, ஜப்பானில் தேயிலையின் உறவு. ஆம், தேயிலையும் சுபக்கியும் ஒரே பேரினம். கவாத்து செய்யாமல் விட்ட தேயிலைச் செடியில் மஞ்சள் மகரந்தத்தோடு வெள்ளைப் பூ பூத்திருப்பதைப் பார்த்தவர்களுக்கு அந்தச் சாயல் உடனே தெரியும்.

சுபக்கிக்கு உடன்பிறப்புகளும் உண்டு. மரத்தோடு கோடையைச் சேர்த்தால் எனொக்கி. எடோ காலத்துப் (17 முதல் 19ஆம் நூற்றாண்டு வரை) பெருவழிகளில் ஏறக்குறைய நான்கு கிலோமீட்டருக்கு ஒன்றாக எழுப்பிய மண்மேடுகளில் அதிகம் நட்டது இந்த மரத்தைத்தான். வழிப்போக்கருக்குத் தூரமும் தெரியும், நிழலும் கிடைக்கும். மரத்தோடு குளிர்காலத்தைச் சேர்த்தால் ஹீரகி. இலை விளிம்பெல்லாம் முள். குத்தி வலிப்பதைச் சொல்லும் பழைய வினையிலிருந்து வந்த பெயர். பிப்ரவரி தொடக்கத்தில் வரும் செட்சுபுன் நாளில், சுட்ட மத்தி மீனின் தலையை இதன் குச்சியில் குத்தி வாசலில் வைப்பார்கள், பேய் அண்டாதிருக்க. மரம் முதிர்ந்தால் இலையின் முள்ளெல்லாம் மறைந்து விளிம்பு வழவழவென்று ஆகிவிடும். இலையுதிர் காலத்தைச் சேர்த்தால் ஹிசகி. இன்று அதிகம் புழங்காத சொல். அதே இலையுதிர் காலத்தின் மேல் புல் என்ற உறுப்பை வைத்தால் ஹகி என்ற சிறுபூச் செடி. எட்டாம் நூற்றாண்டின் மான்யோஷு என்ற ஜப்பானியப் பாடல் தொகுப்பில் எல்லாச் செடிகளையும்விட அதிகமாகப் பாடப்பட்டது இதுதான். 140 பாடல்கள் அளவுக்கு வருகிறது.

புல்லுறுப்பு எழுத்தின் உச்சியில்தான் வரும். அதற்கு ஜப்பானியர் வைத்த பெயர் 'குசகன்முரி', புல்முடி. இடப்பக்க மரத்துக்குக் 'கிஹென்', மரப்பக்கம். தமிழில் இவற்றைப் புல்முடி, மரப்பக்கம் என்றே சொல்லலாம். பொருளும் தெளிவு, எழுதும் இடமும் தெரிந்துவிடும். நமக்கும் இந்தப் பிரிவு புதிதில்லை. வெளியே வயிரம், அதாவது கெட்டியான பகுதி, உள்ளது புல், உள்ளே வயிரம் உள்ளது மரம் என்று தொல்காப்பியம் பிரித்திருக்கிறது. அந்தக் கணக்கில் மூங்கில் புல். கன்ஜியில் மூங்கிலுக்குத் தனி முடியே உண்டு.

சரி, சுபக்கிக்குத் தமிழில் என்ன சொல்வது? சீனர் இந்தப் பூவை மலைத்தேயிலை என்கிறார்கள். அதை அப்படியே எடுத்தால் நமக்கு நீலகிரித் தேயிலைதான் நினைவுக்கு வரும். பழந்தமிழ்ப் பூப்பெயர் ஒன்றை இதற்கு ஏற்றிவிடலாம் என்றும் தோன்றும். அதில்தான் ஆபத்து. ஜப்பானியர் கஷிவ என்று படிக்கும் எழுத்து அவர்களுக்கு ஓக். சீனருக்கு ஊசியிலை மரம். பெயரை இரவல் வாங்கியதால் ஆயிரம் ஆண்டாகத் தொடரும் குழப்பம் அது. ஜப்பானியச் சூழலில் சுபக்கி என்றே எழுதி, முதல் தடவை மட்டும் 'தேயிலை இனப் பூமரம்' என்று ஒரு வார்த்தை சேர்த்துவிடுவது நல்லது. தாவரவியல் என்றால் காமெலியா போதும்.

பெயரைவிட நான் அதிகம் கவலைப்படுவது வினைச்சொல்லைப் பற்றி. ஜப்பானிய மொழியில் சகுரா, அதாவது செர்ரிப் பூ, 'சிரு', சிதறும். சுபக்கி 'ஒச்சிரு', விழும். சகுரா இதழ் இதழாகப் போகும். சுபக்கி காம்பை விட்டு முழுப் பூவாக, பெரும்பாலும் முகம் வானத்தைப் பார்க்க, தரையில் வந்து உட்காரும். தலை விழுவதுபோல இருப்பதால் நோயாளியைப் பார்க்கப் போகிறவர்கள் இதைக் கையில் எடுத்துப் போவதில்லை. அதே பூவின் பாதி விரிந்த மொட்டு ஒன்றைத்தான் குளிர்காலத் தேநீர் அறையில் விருந்தாளியின் கண்ணெதிரே வைக்கிறார்கள். இதைத் தமிழில் எழுதும்போது 'சுபக்கி உதிர்ந்தது' என்று பழக்கத்தில் எழுதிவிட்டால் இந்த இரண்டும் போய்விடும். விடியற்காலையில் பவழமல்லிக்கு அடியில் நின்று பார்த்தவர்களுக்குச் சொல் தானாகவே வரும்: சுபக்கி விழுந்தது.