ஷூட்டிங் முடிஞ்சதும் போஸ்டரைப் பார்த்துக்கலாம்னு இருக்காதீங்க

போன வாரம் இரவு பத்தரை மணிக்கு ஒரு போன். சினிமா படிக்கும் இறுதியாண்டு மாணவர். "அக்கா, படம் முடிஞ்சிருச்சு. நாளை மறுநாள் குறும்பட விழாவுக்கு அனுப்பணும். ஒரு போஸ்டர் மட்டும் போட்டுக் கொடுத்துருங்க." லிங்க் அனுப்பினார், பார்த்தேன். 14 நிமிடப் படம். ஒரு பாட்டியும் பேத்தியும் பழைய வீட்டைக் காலி செய்யும் ஒரு பகல், அவ்வளவுதான் கதை. கடைசியில் அந்தப் பெண் வெறும் அறையில் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி நிற்கும் இடத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. படம் நன்றாக இருந்ததால்தான் அடுத்து நடந்ததில் எனக்கு அத்தனை ஆற்றாமை.

"ஸ்டில்ஸ் அனுப்புங்க தம்பி" என்றேன். ஸ்டில்ஸ் என்றால் ஷூட்டிங்கில் தனியாக எடுக்கும் போட்டோக்கள். 112 படங்கள் வந்தன. கேமராவைச் சுற்றி யூனிட் மொத்தமும் நின்று சிரிக்கிறது. ஒருவர் கிளாப் போர்டைப் பிடித்திருக்கிறார், இன்னொருவர் லைட் ஸ்டாண்டைத் தூக்குகிறார். பாட்டி ஒரே ஒரு படத்தில், ஓரத்தில், பாதி முகமாக. பேத்தி ஒன்றில்கூட இல்லை. கேட்டதும் பதில் வந்தது: "4கே-யில எடுத்திருக்கோம்க்கா. அதுலேர்ந்து ஒரு ஃபிரேம் எடுத்துக்கலாமே?"

பதினொரு வருடமாகக் குறும்படங்களுக்கும் சிறு படங்களுக்கும் போஸ்டர் வடிவமைக்கிறேன். இந்த வருடத்தில் மட்டும் இந்த வாக்கியத்தை ஏழு பேர் சொல்லிவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக விளக்கி ஓய்ந்துவிட்டேன், அதனால் ஒரேயடியாக இங்கே எழுதிவைக்கிறேன்.

4கே என்றால் 3840-க்கு 2160 பிக்சல். கேட்கப் பெரிதாக இருக்கும். ஆனால் அது படுத்திருக்கும் சட்டகம், போஸ்டரோ நிமிர்ந்து நிற்பது. ஏ3 அளவு போஸ்டருக்காக அந்த ஃபிரேமை நெட்டுக்குத்தாக வெட்டினால் மிஞ்சுவது சுமார் 1527-க்கு 2160 பிக்சல். ஏ3-ஐ 300 டிபிஐ-யில், அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளியில், தெளிவாக அச்சடிக்க 3508-க்கு 4961 வேண்டும். அதாவது உங்கள் கையில் இருப்பது தேவையானதில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. அதைவிடச் சிறிய ஃபுல் எச்டி-யில் எடுத்திருந்தால் கணக்கே போட வேண்டாம்.

பிக்சலை விடுங்கள், அதைவிடப் பெரிய பிரச்சினை அசைவு. நொடிக்கு 24 ஃபிரேம் ஓடும் படத்தில் வழக்கமாக ஷட்டர் 1/48 நொடி திறந்திருக்கும். அந்த நேரத்துக்குள் கை அசையும், தலை திரும்பும், முடி பறக்கும். எல்லாமே ஃபிரேமில் லேசாகக் கலங்கிப் பதியும். திரையில் அந்தக் கலங்கல்தான் அசைவை இயல்பாகக் காட்டுகிறது, அது இல்லாவிட்டால் படம் வெட்டி வெட்டி ஓடுவது போல இருக்கும். ஆனால் அந்த ஒரு ஃபிரேமை நிறுத்தி அச்சில் வைத்தால் ஃபோகஸ் தவறிய போட்டோவாகத் தெரிகிறது. ஒளிப்பதிவாளர் செய்த சரியான வேலையே போஸ்டருக்கு எதிரியாகிவிடுகிறது. அந்தப் பெண் ஜன்னலருகே நின்ற காட்சியை ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்திப் பார்த்தேன். கண் பாதி மூடியிருக்கும், அல்லது உதடு கோணியிருக்கும், இரண்டும் சரியாக இருந்தால் முகம் கலங்கியிருக்கும். ஒரு மணி நேரம் தேடியும் ஒரு ஃபிரேம் தேறவில்லை.

அப்புறம் "ஏஐ-ல போட்டுப் பெரிசாக்கிக்கலாம்" என்பார்கள். நானும் செய்து பார்த்திருக்கிறேன். சுவர், மரம், துணிமணியெல்லாம் ஓரளவு ஒப்பேறும். முகம் ஒப்பேறாது. இல்லாத பிக்சலை மென்பொருள் ஊகித்து நிரப்புகிறது, அந்த ஊகத்தில் பாட்டியின் சுருக்கங்கள் வழவழவென்று ஆகிவிடும், கண்கள் வேறு யாருடையதோ போல மாறிவிடும். அந்த முகத்துக்காகத்தானே அவரைத் தேடிப்பிடித்து நடிக்க வைத்தீர்கள்?

ஃபிரேமே எதற்கும் ஆகாது என்று சொல்லவில்லை. இன்ஸ்டாகிராம் பதிவுக்கு 1080-க்கு 1350 போதும், யூடியூப் தம்ப்நெயிலுக்கு 1280-க்கு 720 போதும். அதற்கெல்லாம் அசையாத காட்சியிலிருந்து எடுத்த 4கே ஃபிரேம் தாராளமாகத் தாங்கும். ஆனால் அதைக் கலர் கிரேடிங், அதாவது நிறச் சீரமைப்பு, முடிந்த மாஸ்டரிலிருந்து எடுங்கள். வாட்ஸ்அப்பில் வந்த வீடியோவை நிறுத்தி, செல்போனில் ஸ்கிரீன்ஷாட் அடித்து அனுப்பாதீர்கள். அதுவும் நடக்கிறது.

ஆக, போஸ்டர் வேலை ஷூட்டிங் முடிந்த பிறகு தொடங்குவதில்லை. ஷூட்டிங் ஷெட்யூல் போடும்போதே அது தொடங்கிவிட வேண்டும். ஸ்டில்ஸ் எடுக்க ஒருவரை முன்கூட்டியே சொல்லிவையுங்கள். அவருக்கு யூனிட்டில் வேறு வேலை இருக்கக் கூடாது. இரண்டாவது உதவி இயக்குநர் கையில் கேமராவையும் கொடுத்தால் அவர் எதையும் எடுக்க மாட்டார், பாவம், அவருக்கு ஆயிரம் வேலை. நல்ல டேக் ஓகே ஆனதும், லைட்டைக் கலைப்பதற்கு முன்னால், நடிகர் அதே உணர்வில் இருக்கும்போதே ஐந்து நிமிடம் ஸ்டில்ஸுக்கு ஒதுக்குங்கள். அந்த ஐந்து நிமிடத்தை ஷெட்யூலில் எழுதிவைத்தால்தான் கிடைக்கும். எழுதாவிட்டால் அடுத்த ஷாட் அதை விழுங்கிவிடும்.

எடுக்கும்போது கேமராவை நிமிர்த்திப் பிடிக்கச் சொல்லுங்கள். தலைக்கு மேலோ காலுக்குக் கீழோ வெற்றிடம் விட்டு எடுக்கச் சொல்லுங்கள், டைட்டிலுக்கு இடம் வேண்டும். கேமரா சுருக்காமல் பதியும் ரா ஃபைலாக எடுக்கட்டும், பிறகு இருட்டான பகுதியைக் கொஞ்சம் வெளிச்சமாக்கினாலும் படம் உடையாது. முக்கியப் பாத்திரங்கள் தனித்தனியாக வேண்டும், சேர்ந்தும் வேண்டும். ஆளில்லாத லொகேஷன் வேண்டும். கதையில் முக்கியமான பொருள் ஏதாவது இருந்தால் அதை அருகே போய்த் தனியாக எடுங்கள். இந்தப் படத்தில் அது ஒரு பித்தளைச் சாவிக்கொத்து. இயக்குநர் வேலை செய்துகொண்டிருக்கும் போட்டோ ஒன்றாவது வேண்டும். விழாக்கள் அதைக் கேட்கும், அந்த நேரத்தில் எல்லோரும் கல்யாண வீட்டு செல்ஃபியைத்தான் வெட்டி அனுப்புகிறார்கள்.

டேக் ஓடும்போதே எடுப்பவர் எலக்ட்ரானிக் ஷட்டரில் சத்தமில்லாமல் எடுக்கலாம், ஒலிப்பதிவாளர் திட்ட மாட்டார். ஆனால் சில எல்இடி விளக்குகளின் கீழே அந்த ஷட்டர் போட்டோவில் பட்டை பட்டையாகக் கோடு போடும். முதல் படத்தை எடுத்ததும் பெரிதாக்கிப் பார்த்துவிடுங்கள். அந்த ஸ்டில்ஸை எனக்கு அனுப்பும்போது வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பாமல் டாக்குமென்டாக அனுப்புங்கள், இல்லையென்றால் டிரைவில் போடுங்கள். 24 மெகாபிக்சல் படத்தை வாட்ஸ்அப் சுருக்கிக் கொடுத்துவிட்டால் பட்ட பாடெல்லாம் வீண்.

பிராண்டிங் என்ற சொல்லைக் கேட்டதும் மாணவர்கள் உடனே தயாரிப்பு நிறுவனத்துக்கு ஒரு சுழலும் லோகோ செய்யப் போய்விடுகிறார்கள். அது கிடக்கட்டும். குறும்படத்துக்கு வேண்டியது ஒரு முகம். டைட்டில் எழுத்து, இரண்டு நிறம், ஒரு பிம்பம். போஸ்டர், டிரெய்லரின் முதல் கார்டு, படத்துக்குள் வரும் டைட்டில், இன்ஸ்டாகிராம் பதிவு எல்லாவற்றிலும் அதே மூன்றும் இருக்க வேண்டும். போன வருடம் ஒரு படத்துக்குப் போஸ்டரில் ஓர் எழுத்து, படத்துக்குள் வேறு எழுத்து, டிரெய்லரில் மூன்றாவது எழுத்து. ஆங்கிலத்தில் பெயரை எழுதியதிலும் இரண்டு விதம், ஒன்றில் ஓர் எழுத்து கூட. விழாவில் பார்த்த ஒருவர் பிறகு அதை இணையத்தில் தேடினால் எப்படிக் கிடைக்கும்? பெயரை முடிவு செய்யும் முன் ஒருமுறை தேடிப் பாருங்கள். அதே பெயரில் ஏற்கெனவே நாலு படம் இருந்தால் உங்களுடையது ஐந்தாவது பக்கத்தில்தான் வரும்.

சத்யஜித் ராய் இயக்குநர் ஆவதற்கு முன்பு, 1943-இல், ஒரு விளம்பர நிறுவனத்தில் வரைகலைஞராகச் சேர்ந்தவர். பிறகு தன் படங்களின் போஸ்டர்களையும் டைட்டில் எழுத்துகளையும் தானே வடிவமைத்தார். எல்லோரும் வரைய வேண்டும் என்று கேட்கவில்லை. திரைக்கதை எழுதும்போதே "இந்தப் படத்தை ஒரே பிம்பத்தில் காட்டச் சொன்னால் எதைக் காட்டுவேன்?" என்று ஒருமுறை யோசித்து, ஒரு வரி எழுதிவைத்தால் போதும். அந்த ஒரு வரி இல்லாமல் வருபவர்கள்தான், "இதே மாதிரி வேணும்" என்று பெரிய நட்சத்திரப் படத்தின் போஸ்டரைக் கொண்டுவந்து நீட்டுகிறார்கள். அங்கே அந்த நட்சத்திரத்தின் முகமே ஆளைக் கூப்பிடும். உங்கள் பாட்டியை யாருக்கும் தெரியாது. அவருடைய கையும் அந்தச் சாவிக்கொத்தும்தான் கூப்பிட வேண்டும்.

தமிழ் டைட்டில் வைப்பவர்களுக்கு இரண்டு விஷயம். ஃபோட்டோஷாப்பில் இந்திய மொழிகளுக்கான எழுத்து அமைப்பைத் தேர்வு செய்யாமல் தட்டச்சு செய்தால், எழுத்துக்கு முன்னால் நிற்க வேண்டிய கொம்பு பின்னால் போய் ஒட்டிக்கொள்ளும். தமிழ் தெரிந்தவர் ஒருவர் அச்சுக்கு முன் வாசித்துப் பார்த்தால் போதும், அதைக்கூடச் செய்யாத போஸ்டர்களைப் பார்த்திருக்கிறேன். இன்னொன்று ஃபான்ட் உரிமம். இலவசமாக இறக்கிய ஃபான்ட்டில் "தனிப்பட்ட பயன்பாட்டுக்கு மட்டும்" என்று எழுதியிருந்தால் அதைப் படத்துக்குப் பயன்படுத்தாதீர்கள். யாரும் எதற்கும் பயன்படுத்த அனுமதிக்கும் ஓப்பன் ஃபான்ட் உரிமத்தில் நல்ல தமிழ் எழுத்துருக்கள் நிறைய இருக்கின்றன.

போஸ்டரை முதலில் பார்ப்பவர்கள் அதைச் சுவரில் பார்ப்பதில்லை. விழாத் தளத்தின் பட்டியலில், கட்டைவிரல் நகமளவு கட்டத்தில் பார்க்கிறார்கள். வடிவமைத்து முடித்ததும் அந்த அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். டைட்டில் படிக்க முடியவில்லையா? மாற்றுங்கள். 14 நிமிடப் படத்துக்கு மோஷன் போஸ்டர், கேரக்டர் போஸ்டர் ஆறு, கவுன்ட்டவுன் போஸ்டர் என்று சக்தியை வீணாக்காதீர்கள். நல்ல போஸ்டர் ஒன்று, நல்ல ஸ்டில் ஐந்தாறு, 40 நொடிக்குள் ஒரு டிரெய்லர், கதையைச் சொல்லும் ஒற்றை வரி, நூறு சொல்லில் ஒரு சுருக்கம், இயக்குநர் குறிப்பு, படத்தின் நீளம், மொழி, சப்டைட்டில் விவரம். இவ்வளவும் ஒரே ஃபோல்டரில் இருந்தால் எந்த விழா கேட்டாலும் அன்றே அனுப்பலாம். டிரெய்லர் கதையை முழுக்கச் சொல்லிவிடக் கூடாது. அதில் பிரபலமான பாட்டு எதையும் போடாதீர்கள், யூடியூப் கண்டுபிடித்துவிடும்.

லாரல் விஷயத்தில் கெஞ்சிக் கேட்கிறேன். விழா உங்களைத் தேர்வு செய்தால் மட்டும் அந்த இலைச் சின்னத்தைப் போடுங்கள். விண்ணப்பித்ததற்கெல்லாம் போடக் கூடாது. கட்டணம் வாங்கிக்கொண்டு மாதாமாதம் எல்லோருக்கும் விருது கொடுக்கும் விழாக்களின் லாரல் பன்னிரண்டைப் போஸ்டரில் நிரப்பினால், தேர்வுக் குழுவில் இருப்பவர்கள் அதை எண்ணிப் பெருமைப்பட மாட்டார்கள். உங்கள் படத்தின் முகம்தான் மறைந்து போகும். அதேபோல, உற்சாகத்தில் முழுப் படத்தையும் யூடியூபில் போட்டுவிடாதீர்கள். இணையத்தில் வெளியான படத்தைப் பல விழாக்கள் ஏற்பதில்லை. முதலில் விதிகளைப் படியுங்கள், அதுவரை கடவுச்சொல் போட்ட லிங்க் போதும்.

நடித்தவர்களிடம் அவர்களுடைய முகத்தை விளம்பரத்தில் பயன்படுத்த எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். நண்பன்தானே என்று விடாதீர்கள். குழந்தை நடித்திருந்தால் பெற்றோர் கையெழுத்து கட்டாயம். கல்லூரி லோகோவை வைக்கும் முன் துறையில் கேளுங்கள்.

அந்தப் பாட்டி பேத்திப் படத்துக்கு என்ன செய்தோம்? ஸ்டில்ஸ் திரும்ப எடுக்க வழியில்லை. வீட்டுக்கு வேறு பெயின்ட் அடித்துவிட்டார்கள், அந்தப் பெண் முடியை வெட்டிவிட்டாள். நல்லவேளையாகச் சாவிக்கொத்து கலை இயக்குநரின் பையிலேயே கிடந்தது. அதை எடுத்துவரச் சொல்லி, ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் படமெடுத்து, அதைக்கொண்டு போஸ்டர் செய்தேன். நன்றாகத்தான் வந்தது. ஆனாலும் அந்த முகம் அதில் இல்லை.

அச்சுக்குப் போகும் முன் பெயர்களைச் சரிபார்த்தோம். நாங்கள் அனுப்பச் சொன்ன பட்டியலில் ஒலிப்பதிவாளர் பெயரே இல்லை, படத்தொகுப்பாளர் பெயரில் எழுத்துப்பிழை. மாணவர் படத்தில் யாரும் காசுக்காக வேலை செய்வதில்லை. அந்தப் போஸ்டரில் தன் பெயர் இருக்கும் என்றுதான் மூன்று இரவு மைக்கைப் பிடித்து நின்றிருப்பார். ஷூட்டிங்கின் முதல் நாளே ஒரு தாளைச் சுற்றுக்கு விடுங்கள். அவரவர் பெயரை, அவரவர் விரும்பும் எழுத்துக்கூட்டலில், தமிழிலும் ஆங்கிலத்திலும் அவரவர் கையாலேயே எழுதட்டும். அந்தத் தாளைப் போட்டோ எடுத்து ஸ்டில்ஸ் ஃபோல்டரிலேயே போட்டுவையுங்கள்.