வீட்டில் வாள் செய்யும் தம்பிகளுக்குக் கண் மருத்துவர் எழுதுவது

சிலம்ப வகுப்புக்குப் போகிறவர்கள், சரித்திர நாவல் படித்து ஆசை வந்தவர்கள், கத்தி செய்யும் வீடியோக்களை ராத்திரி இரண்டு மணி வரை பார்க்கிறவர்கள் என்று பலவகைத் தம்பிகள் என்னிடம் வருகிறார்கள். வெட்டுக்காயம் என்றால் வேறு டாக்டரிடம் போயிருப்பார்கள். இவர்கள் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு வருவார்கள். "என்னப்பா ஆச்சு?" என்றால், "தூசி விழுந்துடுச்சு டாக்டர்" என்பார்கள். பக்கத்தில் அப்பா நிற்பார்.

வாள் செய்வதில் என்ன ஆபத்து என்று கேட்டால் எல்லோரும் கூர் முனையையும் நெருப்பையும் சொல்வார்கள். அவை கண்ணுக்குத் தெரிகிற ஆபத்துகள், கை தானாகவே விலகிவிடும். நான் பார்க்கிற கண்கள் பெரும்பாலும் அதற்கு முன்பே அடிபட்டவை. வாள் இன்னும் வெறும் இரும்புப் பட்டையாக இருக்கும் கட்டத்திலேயே காரியம் நடந்துவிடுகிறது.

பழைய இரும்புக் கடையில் லாரி ஸ்பிரிங் பட்டை ஒன்று வாங்குவதில்தான் இது தொடங்கும். தேர்வு ஒன்றும் தப்பில்லை. அரை சதவீதத்துக்குச் சற்று மேல் கார்பன் உள்ள நல்ல எஃகு அது, நம் ஊர்ப் பட்டறைகளில் அரிவாள்கூட அதில் அடிக்கிறார்கள். ஆனால் அது ஏற்கெனவே கடினப்படுத்திய எஃகு. ஆக்சா பிளேடு வழுக்கும், அரம் லேசில் ஏறாது. உடனே நாலு அங்குல ஏஜி-4 கிரைண்டர் மெஷின் வாடகைக்கு வரும். கட்டிங் வீல் மாட்டுவதற்கு முன்னால், பார்வைக்கு மறைக்கிறது என்று வீலை மூடியிருக்கும் கார்டைக் கழற்றிவிடுவார்கள்.

அந்த மெஷின் நிமிடத்துக்குச் சுமார் 11,000 சுற்று ஓடும். கணக்குப் போட்டால் வீலின் விளிம்பு மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. தீப்பொறி என்று நாம் சொல்வது எரிந்துகொண்டே பறக்கும் இரும்புத் துணுக்கு. கண் சிமிட்டப் பத்தில் ஒரு வினாடி ஆகும். அரை மீட்டர் தள்ளி இருக்கும் முகத்துக்கு வர அந்தத் துணுக்குக்கு அதில் பத்தில் ஒரு பங்கு நேரம் போதும். "நான் கண்ணை மூடிக்குவேன் டாக்டர்" என்கிற வாதம் அங்கேயே அடிபட்டுப்போகிறது.

கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் ஸ்லிட் லேம்பில் நான் பார்ப்பது இதுதான். கண்ணின் முன்னால் இருக்கும் தெளிந்த படலமான கருவிழியின் மேல் கடுகில் பாதிகூட இல்லாத ஒரு கறுப்புப் புள்ளி. சூட்டோடு வந்ததால் அது திசுவில் ஒட்டிப் புதைந்திருக்கும். சில மணி நேரம் போனால் அதைச் சுற்றித் துரு ஊற ஆரம்பிக்கும். மறுநாள் வந்தவரின் கண்ணில், ஈரத் தரையில் வைத்த இரும்பு வாளி விட்டுப்போகும் தடம்போலப் பழுப்பு வளையம் தெரியும். மரத்துப்போக வைக்கும் சொட்டு மருந்தை விட்டு, மெல்லிய ஊசி முனையால் துணுக்கைத் தூக்கி எடுப்போம். வளையத்தைச் சுரண்டி எடுப்பது தனி வேலை, சில சமயம் அதற்கு இன்னொரு நாளும் வரவேண்டியிருக்கும். புள்ளி பார்வையின் நேர்க்கோட்டில் இருந்தால், எவ்வளவு நன்றாக எடுத்தாலும் ஒரு தழும்பு தங்கும்.

கருவிழியின் தடிமன் நடுவில் அரை மில்லிமீட்டரைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். அதைத் துணி முனையாலும் சேஃப்டி பின்னாலும் நோண்டிவிட்டு வருகிறவர்கள் உண்டு. வெல்டிங் பட்டறையில் "நல்லா எடுப்பார்" என்று பெயரெடுத்த அண்ணன் ஒருவர் எல்லா ஊரிலும் இருக்கிறார். அவர் எடுத்தும் இருப்பார், ஆனால் அந்த முனையோடு கிருமியும் உள்ளே போயிருக்கும். தாய்ப்பால், விளக்கெண்ணெய் எதுவும் வேண்டாம். மருந்துக் கடையில் சிவப்புக்கு என்று கேட்டு வாங்கும் சொட்டு மருந்தும் வேண்டாம். அதில் ஸ்டீராய்டு இருந்து, கண்ணில் பூஞ்சைத் தொற்றும் இருந்தால், சின்னப் புண் கண்ணையே தின்றுவிடும். நம் பகுதியில் பூஞ்சையால் வரும் கருவிழிப் புண் சாதாரணம். கைப்பிடிக்கு மரம் இழைக்கும்போது சிராய் பட்டாலும் இதே பயம்தான்.

சரி, இதுவரை சொன்னது வலிக்கிற காயம். வலிப்பதால் எப்படியும் வந்துவிடுவார்கள். எனக்குக் கவலை தருவது வலிக்காத காயம்.

அது சுத்தியலிலிருந்து வருகிறது. கடினமான சுத்தியலால் கடினமான உளியையோ பட்டையையோ அடிக்கும்போது, விளிம்பிலிருந்து ஒரு சில்லு பிய்த்துக்கொண்டு பறக்கும். அது கிரைண்டர் பொறியைவிடக் கனமானது, கூரானது. கருவிழியில் நிற்காமல் கண்ணுக்குள்ளேயே போய்விடும். போன வழி அப்படியே மூடிக்கொள்ளும். சுருக்கென்று ஒரு குத்தல், கொஞ்சம் நீர், அப்புறம் ஒன்றுமில்லை. பார்வைகூட முதலில் நன்றாகவே இருக்கலாம். கழுவிவிட்டு மறுபடியும் அடிக்க உட்கார்ந்துவிடுவார்கள். ஒன்றிரண்டு நாளில் உள்ளே சீழ் பிடித்து வருகிறவர் ஒரு வகை. புரை விழுந்தோ விழித்திரை விலகியோ வருகிறவர் இன்னொரு வகை. இரண்டும் இல்லாமல் மாதக்கணக்கில் இரும்பு உள்ளேயே கரைந்துகொண்டிருந்தால், ஒரு கண்ணின் பாப்பா விரிந்து நிற்கும், பாப்பாவைச் சுற்றியுள்ள கருந்திரை துரு நிறமாக மாறும், இருட்டில் பார்வை மங்கும். அந்த நேரத்தில் நோயாளிக்கு அந்தச் சுத்தியல் அடி ஞாபகத்திலேயே இருக்காது.

வாள் வேலையில் இதற்கென்றே ஒரு கட்டம் உண்டு. பட்டையைச் சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்கி எடுத்ததும் அது அநேகமாகக் கொஞ்சம் வளைந்திருக்கும். பார்க்க மனசு பொறுக்காது, கல்லில் வைத்து ஒரு தட்டு தட்டத் தோன்றும். மறுபடி மிதமாகச் சூடேற்றிப் பதப்படுத்துவதற்கு முன் அந்த எஃகு மிகக் கடினமாகவும் முறியக்கூடியதாகவும் இருக்கும். தட்டினால் நிமிராது, தெறித்து உடையும். முகம் அதன் மேல் குனிந்திருக்கும். முதலில் பதப்படுத்துங்கள், நிமிர்த்துவதையெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

முக்குவதற்கு நீளமான தொட்டி கிடைக்காமல் பிவிசி பைப்பில் எண்ணெய் ஊற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். பைப் உருகும், எண்ணெய் பற்றும், இமைகள் கருகும். இரும்புக் குழாயைக் கீழே அடைத்து நிறுத்துங்கள், பக்கத்தில் மண் வாளி இருக்கட்டும். வெல்டிங் வெளிச்சத்தை வெறும் கண்ணால் பார்த்தால் அப்போது ஒன்றும் தெரியாது, ஆறேழு மணி நேரம் கழித்து நடுராத்திரியில் மிளகாய்ப் பொடி தூவியதாக எரியும். ஓரிரு நாளில் ஆறிவிடும். ஆனால் மரத்துப்போக வைக்கும் சொட்டு மருந்தை மட்டும் வீட்டுக்கு வாங்கிப் போகாதீர்கள். வலி தெரியாமல் விட்டுக்கொண்டே இருந்தால் கருவிழி கரையும்.

பாதுகாப்புக்கு என்ன போடுவது? பவர் கண்ணாடியும் கூலிங் கிளாஸும் பாதுகாப்புக் கண்ணாடி ஆகாது. பக்கவாட்டில் மூடிய, பாலிகார்பனேட்டில் செய்த கண்ணாடி வேண்டும். ஐஎஸ் 5983 என்ற இந்தியத் தர முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். கிரைண்டர் ஓடினால் அதற்கு மேல் முகக் கவசமும் போடுங்கள். கவசம் மட்டும் போட்டால் கீழ் வழியாகப் பொறி ஏறும். கழற்றுகிற நேரமும் முக்கியம். வேலை முடிந்ததும் புருவத்திலும் தலைமுடியிலும் இரும்புத் தூள் உட்கார்ந்திருக்கும். அப்படியே கண்ணாடியைக் கழற்றி வியர்வையைத் துடைத்தால் நேராகக் கண்ணுக்குள் போகும். தலையைக் குனிந்து, நெற்றியையும் புருவத்தையும் தட்டிவிட்டு, அதற்குப் பிறகு கழற்றுங்கள். பட்டையின் மறுமுனையைப் பிடித்துக்கொள்ளும் தம்பிக்கும் ஒரு கண்ணாடி வாங்குங்கள். வேடிக்கை பார்த்தவர் கண்ணிலிருந்தும் நான் இரும்பு எடுத்திருக்கிறேன்.

கொல்லர் ஒருவர் எனக்குச் சொன்ன வழி இதைவிட நல்லது. பட்டையைச் சிவக்கக் காய்ச்சி, சாம்பலில் புதைத்து, ராத்திரி முழுக்க மெதுவாக ஆறவிட வேண்டும். காலையில் எஃகு மென்மையாகியிருக்கும், அரம் ஏறும். அரத்தில் உதிரும் தூள் பறக்காது, காலடியில் விழும். நாள் கூடுதலாகும், தோள் வலிக்கும். வாடகை மெஷின் வேண்டாம்.

நீளத்தையும் யோசித்துக்கொள்ளுங்கள். ஆயுதச் சட்டம் 1959-இன் கீழ் வந்த 2016 விதிகளில் வாள் ஆயுதமாகவே பட்டியலில் இருக்கிறது. 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகளும் அதே வகைதான். வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் என்று செய்தவற்றுக்கு விலக்கு உண்டு. ஆயுதத்தைத் தயாரிப்பதற்கும் உரிமம் பற்றிய விதிகள் இருப்பதால், ஆசைக்குச் செய்தேன் என்பது பதிலாகாது. முதல் முயற்சி ஆறு அங்குலக் காய்கறிக் கத்தியாக இருந்தால் காய்ச்சுவது, முக்குவது, பதப்படுத்துவது எல்லாமே அதிலும் கற்றுக்கொள்ளலாம். சின்ன உலையிலும் அது அடங்கும்.

"தூசி" என்று சொல்வதற்குக் காரணமும் இதுவாகத்தான் இருக்க வேண்டும். அப்பா திட்டுவார், போலீஸ் வரும் என்ற பயம். தூசி என்று சொன்னால் டாக்டர் கண்ணின் மேற்பரப்பைப் பார்த்து, துடைத்து, சொட்டு மருந்து எழுதி அனுப்பிவிடக்கூடும். "இரும்பை இரும்பால் அடிச்சேன்" என்ற மூன்று வார்த்தை சொன்னால், உள்ளே ஏதாவது இருக்கிறதா என்று சிடி ஸ்கேன் எடுப்போம். அப்பாவை வெளியே இருக்கச் சொல்லிவிட்டுக்கூடச் சொல்லுங்கள். வேறு எதற்காவது எம்ஆர்ஐ எழுதினாலும் மறக்காமல் சொல்லுங்கள். உள்ளே இரும்பு இருந்தால் அந்தக் காந்தம் அதை நகர்த்திவிடும்.

சுத்தியல் சில்லு பட்டதாகச் சந்தேகம் வந்தால் கண்ணைக் கழுவாதீர்கள், கசக்காதீர்கள், அழுத்திக் கட்டாதீர்கள். காகிதக் கப் ஒன்றைக் கண்ணைத் தொடாமல் கவிழ்த்து, பிளாஸ்திரி ஒட்டி, யாரையாவது வண்டி ஓட்டச் சொல்லி கண் மருத்துவமனைக்கு வாருங்கள். டெட்டனஸ் வராமல் தடுக்கும் டிடி ஊசி கடைசியாக எப்போது போட்டது என்று யோசித்து வையுங்கள். வழியில் டீகூடக் குடிக்க வேண்டாம், அன்றே அறுவை சிகிச்சை என்றால் மயக்க மருந்து கொடுக்க வயிறு காலியாக இருக்க வேண்டும்.