பணம் வராமலே கணக்கில் கழிந்தால்: நாளுக்கு 100 ரூபாய் உங்களுடையது

2025-ஆம் ஆண்டு போகியன்று மாலை, கரும்பும் மஞ்சள் கொத்தும் வாங்க ரொக்கம் வேண்டுமென்று வீட்டருகே இருந்த ஏ.டி.எம்.முக்குப் போனேன். என் கணக்கு உள்ள வங்கியின் இயந்திரம் அல்ல அது, வேறொரு வங்கியுடையது. 5,000 ரூபாய் கேட்டேன். உள்ளே நோட்டு எண்ணும் கரகர சத்தம் கேட்டது. பணம் வரும் வாய் மட்டும் திறக்கவில்லை. திரை ஒரு கணம் இருண்டு, பிறகு ஒன்றும் நடவாதது போல வரவேற்பு வாசகத்தைக் காட்டியது. துண்டுச்சீட்டும் வரவில்லை. சட்டைப்பையிலிருந்த கைப்பேசி ஒலித்தது: உங்கள் கணக்கிலிருந்து 5,000 ரூபாய் எடுக்கப்பட்டது.

கரும்பைக் கடன் சொல்லி வாங்கினேன். பொங்கல் விடுமுறை முடிந்து 17-ஆம் தேதி வங்கிக் கிளை திறந்ததும் முதல் ஆளாகப் போய் நின்றேன். கவுண்டரில் இருந்த அம்மையார் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, "ஏழு வேலைநாள் ஆகும் சார், தானாக வந்துவிடும்" என்றார். 24-ஆம் தேதி பணம் வந்தது. 17, 18, 20, 21, 22, 23, 24 என்று விரல் விட்டு எண்ணினால் சரியாக ஏழாவது வேலைநாள். சொன்ன சொல் தவறவில்லை. ஆனால் அவர் சொன்ன விதிதான் எப்போதோ காலாவதியாகிவிட்டது.

அந்த விதி எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் அவர்மேல் கோபம் வராது. 2011 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருந்த ரிசர்வ் வங்கி உத்தரவு அப்படித்தான் சொன்னது: ஏ.டி.எம்.மில் பணம் வராமல் கணக்கில் கழிந்தால் புகார் கிடைத்த 7 வேலைநாளுக்குள் திருப்பித் தர வேண்டும். தாமதமானால் நாளுக்கு 100 ரூபாய். அந்த 100 ரூபாயும் 30 நாளுக்குள் புகார் கொடுத்தவருக்குத்தான். ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பர் 20 அன்று புதிய சுற்றறிக்கை வெளியிட்டது. அது அதே ஆண்டு அக்டோபர் 15 முதல் நடைமுறைக்கு வந்தது. அதில் மூன்று விஷயங்கள் மாறின. காலவரம்பு 7 வேலைநாளிலிருந்து 5 நாளாகக் குறைந்தது. வேலைநாள் கணக்கு போய் நாள்காட்டிக் கணக்கு வந்தது. மூன்றாவதுதான் பெரிய மாற்றம்: தாமதத்துக்கான இழப்பீட்டை, வாடிக்கையாளர் புகார் கொடுக்கும்வரை காத்திராமல், வங்கியே முன்வந்து கணக்கில் போட வேண்டும்.

போட்டார்களா என்றால், என் கணக்கில் 5,000 மட்டும்தான் வந்தது.

நாளை எப்படி எண்ணுவது? பணம் எடுக்க முயன்ற தேதியைச் சுழியமாக வையுங்கள். என் கணக்கில் அது ஜனவரி 13. அதிலிருந்து ஐந்தாம் நாள், 18-ஆம் தேதி, கெடு. இடையில் பொங்கல், திருவள்ளுவர் நாள், உழவர் திருநாள் என்று மூன்று நாள் வங்கி பூட்டிக் கிடந்தது இந்தக் கணக்கில் வராது. கிளை பூட்டியிருந்தாலும் கணினி ஓடிக்கொண்டுதான் இருக்கிறது; கழித்தது அதுதானே. 19 முதல் 24 வரை 6 நாள் தாமதம். ஆகவே 600 ரூபாய். எவ்வளவு தொகை சிக்கியது என்பதைப் பொறுத்து இது கூடுவதோ குறைவதோ இல்லை. 500 ரூபாய் சிக்கினாலும் 10,000 சிக்கினாலும் நாளுக்கு 100தான்.

இப்படி ஏன் நேர்கிறது என்று தெரிந்துகொண்டால் வாதாட வசதியாக இருக்கும். அட்டையைச் செருகி ரகசிய எண்ணை அழுத்தியதும் இயந்திரம் உங்கள் வங்கியிடம் அனுமதி கேட்கிறது. வேறு வங்கியின் இயந்திரம் என்றால் அந்தக் கேள்வி பொதுவாக, நாட்டின் சில்லறைப் பணப்பரிமாற்ற அமைப்புகளை நடத்தும் என்.பி.சி.ஐ.யின் நேஷனல் ஃபைனான்ஷியல் ஸ்விட்ச் என்ற, வங்கிகளின் ஏ.டி.எம்.களை இணைக்கும் வலையமைப்பு வழியாகப் போகிறது. உங்கள் வங்கி முதலில் கணக்கில் தொகையைக் கழிக்கிறது. பிறகு 'கொடு' என்று செய்தி அனுப்புகிறது. அதன் பிறகுதான் இயந்திரம் நோட்டை வெளியே தள்ளுகிறது. நோட்டு சிக்கிக்கொண்டாலோ, கணினி இணைப்பு நடுவில் அறுந்தாலோ, 'கொடுக்கவில்லை' என்ற மறுசெய்தி உங்கள் வங்கிக்குப் போய்ச் சேர வேண்டும். அது போய்ச் சேர்ந்தால் சில நிமிடத்தில் பணம் திரும்பிவிடும். கழித்த குறுஞ்செய்தியும் திரும்பிய குறுஞ்செய்தியும் அடுத்தடுத்து வருவது அதனால்தான். போய்ச் சேராவிட்டால், இயந்திரத்தில் மிச்சமிருக்கும் நோட்டையும் ஒவ்வொரு பரிவர்த்தனையும் அதனுள் பதிவாகும் ஜர்னல் என்ற குறிப்பையும் ஒப்பிட்டுப் பார்த்தே தீர்க்க வேண்டும். நீங்கள் கேட்ட 5,000 அங்கே உபரியாக நிற்கும். வங்கி "பரிவர்த்தனை வெற்றி" என்று பதில் அனுப்பினால், அந்த நாளின் ஜர்னல் பதிவையும், பண இருப்புக் கணக்கையும், கேமராப் பதிவையும் பார்த்து முடிவு செய்யும்படி எழுத்தில் கேளுங்கள். கேமராப் பதிவைக் காலமெல்லாம் வைத்திருக்க மாட்டார்கள். ஆகவே இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

இயந்திரம் யாருடையதாக இருந்தாலும் புகார் உங்கள் கணக்கு உள்ள வங்கியிடம்தான். இயந்திரத்துக்குச் சொந்தமான வங்கியின் கிளை பக்கத்திலேயே இருக்கிறதே என்று அங்கே போய் நின்றால், "உங்கள் வங்கியைக் கேளுங்கள்" என்றுதான் சொல்வார்கள். எரிச்சலாக இருக்கும், ஆனால் அது சரியான பதில். அவர்களுக்குள் கணக்குத் தீர்த்துக்கொள்வது அவர்கள் பாடு.

சுற்றறிக்கை ஏ.டி.எம்.மோடு நிற்கவில்லை. கடையில் அட்டையைத் தேய்த்தபோது கணக்கில் கழிந்து, கடைக்காரரின் கருவிக்கு உறுதிச் செய்தி வராமல் போனாலும் அதே 5 நாள். இணையத்தில் அட்டை எண் கொடுத்து வாங்கும்போது இப்படி நடந்தாலும் 5 நாள். ஐ.எம்.பி.எஸ். என்ற உடனடிப் பணப்பரிமாற்ற முறை வழியாக அனுப்பிய பணம் மறுமுனைக் கணக்கில் சேரவில்லை என்றால் மறுநாளே திரும்ப வேண்டும். கிராமங்களில் விரல்ரேகை வைத்துப் பணம் எடுக்கும் ஆதார் வழிச் சேவையும் பட்டியலில் உண்டு, கெடு 5 நாள். இது முக்கியம். முதியோர் உதவித்தொகையையும் நூறு நாள் வேலைச் சம்பளத்தையும் அப்படி எடுப்பவர்களில் பலரிடம் குறுஞ்செய்தி வரும் கைப்பேசி இருக்காது. 'மெஷின் வேலை செய்யவில்லை பாட்டி, நாளைக்கு வாருங்கள்' என்று அனுப்பப்பட்டால், அடுத்த முறை பாஸ்புக்கைப் பதிந்து அந்தத் தேதியில் ஏதும் கழிந்திருக்கிறதா என்று வீட்டில் படித்த பிள்ளை யாராவது பார்த்துச் சொல்ல வேண்டும்.

நம்மை அன்றாடம் படுத்துவது யு.பி.ஐ.தான். டீக்கடையில் 30 ரூபாய்க்கு ஸ்கேன் செய்கிறீர்கள். உங்கள் கணக்கில் கழிந்துவிட்டது. கல்லாவின் மேலிருக்கும் ஒலிப்பெட்டி வாய் திறக்கவில்லை. கடைக்காரர் உங்களைப் பார்க்கிறார், நீங்கள் பெட்டியைப் பார்க்கிறீர்கள், பின்னால் நாலு பேர் காத்திருக்கிறார்கள். மானம் காக்க இன்னொரு 30 ரூபாயை ரொக்கமாக வைத்துவிட்டு வருகிறோம்.

இங்கே இரண்டு விதி உண்டு. வணிகருக்கு என்று பதிவான கியூ.ஆர். அட்டைக்குச் செலுத்தி, உறுதிச் செய்தி அவருக்கு வரவில்லை என்றால் 5 நாளுக்குள் பணம் தானாக உங்களுக்குத் திரும்ப வேண்டும். ஒரு தனிநபரின் கணக்குக்கு அனுப்பி, அங்கே வரவாகவில்லை என்றால் கெடு மறுநாள். இரண்டிலும் கெடு தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய். டீ விலையைவிட இழப்பீடு பெரியது என்பதில் தவறொன்றும் இல்லை. தொகை சிறியது என்பதற்காக வங்கிக்குச் சலுகை எதையும் சுற்றறிக்கை தரவில்லை. சின்னக் கடைகள் பலவற்றில் ஒட்டியிருப்பது உரிமையாளரின் சொந்தக் கணக்கின் அட்டைதான், ஆகவே எந்த விதி பொருந்தும் என்பது அட்டைக்கு அட்டை மாறும்.

ஒன்று கவனியுங்கள். செயலியில் 'நிலுவையில்' என்று காட்டும்போது அவசரப்பட்டு இரண்டாம் முறை அனுப்பிவிட்டு, பிறகு இரண்டும் கடைக்காரருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டால் அது தோல்வியுற்ற பரிவர்த்தனை ஆகாது. கடைக்காரரிடம்தான் கேட்டு வாங்க வேண்டும்.

தோல்வி என்று சுற்றறிக்கை எதைச் சொல்கிறது? வாடிக்கையாளர் காரணமல்லாத எந்தக் காரணத்தாலும் முழுமையடையாமல் போன பரிவர்த்தனையை. தொடர்பு அறுந்தது, இயந்திரத்தில் பணம் தீர்ந்தது, நேரம் கடந்து இணைப்பு முறிந்தது எல்லாம் இதில் அடங்கும். ஓர் எண்ணைத் தவறாக அழுத்தி முன்பின் தெரியாதவருக்கு அனுப்பிவிட்டால் அடங்காது. அங்கே இயந்திரம் சொன்னதைச் செய்துவிட்டது. ஓ.டி.பி.யை யாரிடமோ சொல்லிப் பணம் பறிபோயிருந்தாலும் இந்த விதி உதவாது. அதற்குப் பாதை வேறு: உடனே வங்கிக்குச் சொல்லி அட்டையை முடக்குங்கள், 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். அங்கே நாள் கணக்கு இல்லை, நிமிடக் கணக்கு.

இனி, கேட்கும் முறை. துண்டுச்சீட்டு வராவிட்டால் பரவாயில்லை. கழிந்த குறுஞ்செய்தியை அழிக்காதீர்கள். ஏ.டி.எம். அறையில் அந்த இயந்திரத்தின் எண் ஒட்டியிருந்தால் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். யு.பி.ஐ. என்றால் பரிவர்த்தனை விவரத்தில் 12 இலக்க எண் ஒன்று இருக்கும், அதுதான் பிடி. செயலிக்குள்ளேயே அந்தப் பரிவர்த்தனையைத் திறந்து புகார் பதியலாம். ஏ.டி.எம்.முக்கு வங்கியின் செயலி, உதவி எண், மின்னஞ்சல், கிளை எதுவும் ஆகும். எங்கே கொடுத்தாலும் புகார் எண் வாங்காமல் நகராதீர்கள். "சொல்லியிருக்கிறேன், பார்த்துக்கொள்வார்கள்" என்ற பதிலை எந்தக் கோப்பிலும் சேர்க்க முடியாது.

அசல் தொகை வந்து இழப்பீடு வராத நிலையில் நான் எழுதிக் கொடுத்தது இவ்வளவுதான்:

"13-01-2025 அன்று மாலை 6.40 மணியளவில் வேறு வங்கி ஏ.டி.எம்.மில் 5,000 ரூபாய் எடுக்க முயன்றேன். பணம் வெளிவரவில்லை, கணக்கில் கழிக்கப்பட்டது. 24-01-2025 அன்று தொகை திரும்ப வரவு வைக்கப்பட்டது. தோல்வியுற்ற பரிவர்த்தனைகள் தொடர்பாக ரிசர்வ் வங்கி 20-09-2019 அன்று வெளியிட்ட சுற்றறிக்கைப்படி 18-01-2025க்குள் அது வந்திருக்க வேண்டும். தாமதமான 6 நாளுக்கு 600 ரூபாய் இழப்பீட்டை என் கணக்கில் வரவு வைக்கக் கோருகிறேன்."

மன உளைச்சல், பண்டிகை நேரம், இருபது வருட வாடிக்கையாளர் என்பதையெல்லாம் முதல் வரைவில் எழுதி, பிறகு அடித்துவிட்டேன். தேதியும் சுற்றறிக்கையும் இருந்தால் போதும். மற்றவை படிப்பவருக்குத் தப்பிக்க வழி கொடுக்கும். கவுண்டரில் அந்த அம்மையார் தேதியை இரண்டு முறை படித்தார். தொலைபேசியில் யாரிடமோ கேட்டார். "நாள்காட்டி நாளா சார்?" என்று என்னிடமே திரும்பக் கேட்டார். மனுவின் நகலில் முத்திரை வைத்துக் கொடுத்தார்.

வங்கி மறுத்தாலோ, 30 நாளாகியும் பதில் இல்லாவிட்டாலோ, பதில் திருப்தி தராவிட்டாலோ, ஆம்பட்ஸ்மேன் எனப்படும் ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். வங்கிக்கு ஒருவர், பணப்பைச் செயலிக்கு ஒருவர் என்று முன்பு தனித்தனியாக இருந்ததை 2021 நவம்பர் 12 அன்று ஒரே குடைக்குள் கொண்டுவந்தார்கள். ரிசர்வ் வங்கியின் புகார் மேலாண்மை இணையதளத்தில் பதியலாம். இணையம் வராதவர்கள் சண்டீகர் செக்டர் 17-இல் உள்ள ரிசர்வ் வங்கியின் மையப் புகார்ப் பிரிவுக்கு, அஞ்சல் எண் 160017, தபாலில் அனுப்பலாம். விவரம் கேட்க 14448. கட்டணம் கிடையாது. வக்கீல் வேண்டாம், உண்மையில் வக்கீல் உங்களுக்காகப் புகார் போட அங்கே இடமே இல்லை. முக்கிய நிபந்தனை, முதலில் வங்கியிடம் எழுத்தில் கேட்டிருக்க வேண்டும். நேராக இங்கே வந்தால் கதவு திறக்காது. அந்தப் புகார் எண்ணை வற்புறுத்தி வாங்கச் சொன்னது இதற்காகவும்தான்.

எனக்கு அதுவரை போக வேண்டியிருக்கவில்லை. மனு கொடுத்த இரண்டாம் வாரம் 600 ரூபாய் வந்தது.

ஆனால் அதே மாதக் கணக்கு அறிக்கையில் இன்னொன்று கண்ணில் பட்டது. பிற வங்கி ஏ.டி.எம்.களில் மாதத்துக்கு மூன்று முறை சென்னை போன்ற ஆறு பெருநகரங்களிலும், ஐந்து முறை மற்ற ஊர்களிலும் இலவசம். அதைத் தாண்டினால் அப்போது முறைக்கு 21 ரூபாய் வரை, 2025 மே 1 முதல் 23 ரூபாய் வரை, வரி தனி. பணமே வராத அந்தப் போகி மாலையையும் ஒரு முறையாக எண்ணி, மாதக் கடைசியில் எடுத்ததற்குக் கட்டணம் போட்டிருந்தார்கள். இயந்திரக் கோளாறாலோ, இணைப்புக் கோளாறாலோ, நோட்டு இல்லாததாலோ தோற்ற முயற்சியை இலவச எண்ணிக்கையில் சேர்க்கக் கூடாது, அதற்குக் கட்டணமும் வாங்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2019 ஆகஸ்ட் 14 அன்றே சொல்லிவிட்டது. 21 ரூபாய்க்காக இரண்டாவது மனு எழுதினேன். இந்த முறை அந்த அம்மையார் யாரையும் கேட்கவில்லை. தேதியைப் பார்த்ததும் முத்திரையை எடுத்துவிட்டார்.