கட்டமரானில் பாயை எப்போது குறைக்க வேண்டும்?

லங்காவியிலும் புக்கெட்டிலும் விடுமுறைக்குக் கட்டமரான் (இரட்டை உடல் பாய்ப்படகு) வாடகைக்கு எடுப்பவர்களில் பலர், ஒற்றை உடல் பாய்ப்படகில் ஓட்டிப் பழகியவர்கள். படகை ஒப்படைப்பதற்கு முன் அவர்களோடு ஒரு சுற்றுப் போய்வருவது என் வேலை. "காற்று கூடினா எப்போ ரீஃப் போடுவீங்க?" என்று கேட்பேன். பாயின் ஒரு பகுதியை இறக்கிக் கட்டி அதன் பரப்பைக் குறைப்பதுதான் ரீஃப். பெரும்பாலும் வரும் பதில்: "படகு ரொம்பச் சாய ஆரம்பிச்சதும்." பழைய படகுக்கு அது சரிதான். கட்டமரானில் அந்தப் பழக்கம் ஆபத்து.

ஒற்றை உடல் படகின் அடியில் கீல் என்கிற கனமான எடைத் தகடு இருக்கிறது. காற்று கூடக்கூடப் படகு சாயும். சாயச் சாயப் பாயிலிருந்து காற்று வழிந்துவிடும், சுக்கான் கையைப் பிடித்து இழுக்கும், சமையலறையில் பாத்திரம் உருளும். பாயைக் குறைக்க வேண்டும் என்று யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 45 அடிக் கட்டமரானின் அகலமோ 7 மீட்டருக்கு மேல். 15 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) காற்றிலும் 25 நாட் காற்றிலும் மேசைமேல் வைத்த காபி ஒரே மாதிரிதான் நிற்கும். சாய்ந்து தப்பிக்க வழியில்லாததால் காற்றின் விசை முழுவதும் பாய்மரத்துக்கும் அதைத் தாங்கும் கம்பிகளுக்கும் போகிறது. காற்று வரும் பக்கத்து உடல் தண்ணீரை விட்டுக் கிளம்பும் கட்டத்தில் படகின் நிமிர்த்தும் சக்தி உச்சத்தில் இருக்கும். அதற்கு மேல் சாய்ந்தால் குறைந்துகொண்டே போகும். கவிழ்ந்த கட்டமரான் தானாக நிமிராது.

விசை, காற்று வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். 15 நாட் காற்று 21 ஆனாலே பாய்மேல் விழும் விசை ஏறத்தாழ இரட்டிப்பாகிவிடும். 20 நாட் 30 ஆனால் இரண்டேகால் மடங்கு.

அதனால் கட்டமரானில் ரீஃப் போடும் நேரத்தைக் காற்றுமானியின் எண்ணை வைத்து முன்கூட்டியே முடிவு செய்துகொள்ள வேண்டும். 40 முதல் 45 அடி வரையிலான சுற்றுலாக் கட்டமரான்களுக்குச் சுமாரான கணக்கு இது: படகில் நாம் உணரும் காற்று 20 நாட்டைத் தொடும்போது முதல் ரீஃப், 25-ல் இரண்டாவது, 30-ஐ நெருங்கும்போது மூன்றாவது. அதற்கு மேல் போனால் பெரிய பாயை இறக்கிவிடலாம். ஒவ்வொரு படகின் கையேட்டிலும் இதற்கென்று ஓர் அட்டவணை உண்டு; உங்கள் படகுக்கு அதுதான் கணக்கு. புறப்படும் முன் அதை எழுதிச் சுக்கானுக்குப் பக்கத்தில் ஒட்டிவையுங்கள். நான் கைமாற்றும் படகுகளில் ஒட்டாமல் விடுவதில்லை.

எந்த எண்ணைப் பார்ப்பது என்பதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. வானிலை அறிக்கை சொல்வது சராசரி வேகம். வீச்சு, அதாவது திடீரென்று எழுந்து அடங்கும் பலத்த காற்று, அதைவிட 40 சதவீதம் வரை கூடலாம் என்று ஆஸ்திரேலிய வானிலைத் துறை தன் கடல் அறிக்கைகளிலேயே எச்சரிக்கிறது. 20 நாட் என்று அறிக்கை சொன்னால் 28-க்குத் தயாராக இருங்கள். கட்டமரானில் பாயை வீச்சுக்கு ஏற்பக் குறைக்க வேண்டும், சராசரிக்கு ஏற்ப அல்ல. அப்படிக் குறைத்தால் வேகம் போய்விடுமே என்று கவலைப்படுவார்கள். பெரும்பாலும் அரை நாட், ஒரு நாட்தான் குறையும்; படகு அடித்துக்கொண்டு போவது நின்று, சுக்கானும் லேசாகிவிடும்.

காற்றைப் பின்னால் வாங்கி ஓடும்போதுதான் ஆட்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். உண்மைக் காற்று 25 நாட், படகு 9 நாட் வேகத்தில் அதே திசையில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முகத்தில் படுவது 16 நாட்தான். வெயில், நல்ல ஓட்டம், எல்லோரும் சிரித்துக்கொண்டிருப்பார்கள். பாயைக் குறைக்கலாம் என்று படகின் மூக்கைக் காற்றுக்கு எதிரே திருப்பினால் அந்த 16 சட்டென்று 30 ஆகும். விசை மூன்றரை மடங்கு. திருப்பாமலே இறக்கலாம் என்றால், பாய் பின்சாய்ந்த தாங்குகம்பிகளில் அழுந்தி, அதிலுள்ள நீளக் குச்சிகள் மாட்டிக்கொள்ளும். ஆகவே பின்காற்றில் ஓடும்போது திரையில் படகில் உணரும் காற்றைக் காட்டும் 'ஏடபிள்யூஎஸ்' எண்ணை மறந்துவிட்டு, உண்மைக் காற்றைக் காட்டும் 'டிடபிள்யூஎஸ்' எண்ணைப் பார்த்து ரீஃப் போடுங்கள். முன்மூக்கு அலைக்குள் புக ஆரம்பித்துவிட்டால் ஏற்கெனவே தாமதம்.

திடீர் வீச்சில் எந்தப் பக்கம் திருப்புவது? காற்று முன்பக்கத்திலிருந்து வந்தால் பாய்க்கயிற்றைத் தளர்த்திக் காற்றை நோக்கித் திருப்பலாம். பக்கவாட்டிலோ அதற்குப் பின்னாலோ வந்தால் காற்றை விட்டு விலகித் திருப்புங்கள். அங்கே காற்றை நோக்கித் திருப்பினால் உணரும் காற்றும் கூடும், திரும்பும் விசையும் சேர்ந்து படகைத் தள்ளும். ஒற்றை உடல் படகில் பழகிய கை இங்கே தானாகத் தவறான பக்கம் போகும் என்பதால் இதை மட்டும் திரும்பத் திரும்பச் செய்ய வைப்பேன்.

மலாக்கா நீரிணையில் ஏப்ரல் முதல் நவம்பர் வரை 'சுமத்ரா' என்கிற சூறைக்காற்று வரிசை வரும். பெரும்பாலும் விடிவதற்கு முன்போ காலையிலோ, மேற்கிலிருந்து. வீச்சு மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர், அதாவது 43 நாட் வரை. மேற்கே தாழ்வான கறுப்பு மேகக்கரை, சட்டென்று காற்று நின்றுபோதல், அப்புறம் முகத்தில் ஒரு குளிர்ந்த மூச்சு. அந்தக் குளிர் தட்டும்போது பாய் குறைந்திருக்க வேண்டும். ரேடாரில் 12 கடல் மைலில் தெரியும் மழைவரிசை 24 நாட் வேகத்தில் வந்தால் உங்களுக்கு அரை மணி நேரம் இருக்கிறது. இரவு ஓட்டமென்றால் காற்று எப்படி இருந்தாலும் சூரியன் மறைவதற்கு முன் ஒரு ரீஃப் போட்டுவிடுங்கள். 2010-ல் தென் பசிபிக்கில் நியூவே தீவுக்கு அருகே 57 அடிக் கட்டமரான் ஒன்று சூறைக்காற்றில் கவிழ்ந்தது. காற்று 60 நாட்டைத் தாண்டியிருந்தது. படகிலிருந்த இருவரும் உயிர் தப்பினார்கள்.

ரீஃப் போடும்போது ஒரு சின்ன விஷயம். பாயை ஏற்றும் கயிற்றில் ஒவ்வொரு ரீஃபுக்கும் வண்ண நூலால் அடையாளம் தைத்திருக்கிறதா என்று துறைமுகத்திலேயே பாருங்கள். கயிற்றைச் சுற்றி இழுக்கும் மின்சார வின்ச்சின் பொத்தானை அழுத்தும்போது பாயிலிருந்து கண்ணை எடுக்காதீர்கள். வின்ச்சின் ஓசை கனத்தால் எங்கோ ஒரு கயிறு சிக்கியிருக்கிறது. உடனே விரலை எடுங்கள். அது எதில் சிக்கியிருக்கிறது என்று வின்ச்சுக்குத் தெரியாது, கிழியும்வரை இழுத்துக்கொண்டே இருக்கும்.

மழை விட்டதும் ரீஃபை அவிழ்க்க அவசரப்பட வேண்டாம். முதல் வரிசைக்குப் பின்னால் இன்னொன்று வரலாம். அடிவானம் மேற்கில் தெளிந்து, வீச்சுகளும் சேர்த்து இருபது நிமிடமாவது 18 நாட்டுக்குக் கீழே நின்றால் ஒவ்வொரு ரீஃபாக அவிழ்க்கலாம். அதுவரை இன்ஜினைத் துணைக்கு ஓடவிடுங்கள்.