430 பக்கங்களும் ‘சுருக்குக’ என்ற ஒரு சொல்லும்

ஆய்வேடுகளைச் செப்பம் செய்து கொடுப்பது என் தொழில். என் மேசைக்கு வருபவற்றில் பெரும்பகுதி வரலாற்றுத் துறையைச் சேர்ந்தவை. அவற்றிலும் பாதிக்கு மேல் நெறியாளரின் சிவப்பு மைக் குறிப்போடு வருபவை. அந்தக் குறிப்பு அநேகமாக ‘சுருக்குக’ என்ற ஒரே சொல்லாகத்தான் இருக்கும். எதை, எவ்வளவு, எதற்காக என்ற விவரம் இருக்காது. ஆய்வாளர் அதைப் பக்க எண்ணிக்கை பற்றிய கட்டளையாக எடுத்துக்கொண்டு, முதல் இயலிலிருந்து பத்திக்கு இரண்டு வரி என்று கிள்ளத் தொடங்குகிறார். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் ஆய்வேடு மெலிந்திருக்கும், ஆனால் முதல் வரைவில் இல்லாத பிழைகள் அதற்குள் புகுந்திருக்கும். எழுதும்போது நேரும் பிழைகளைப் பற்றி வகுப்பெடுக்கப் பலர் இருக்கிறார்கள். வெட்டும்போது நேரும் பிழைகளைப் பற்றி ஆய்வாளர்களிடம் யாரும் பேசுவதில்லை என்பதால் இதை எழுதுகிறேன்.

யாருடைய அடையாளமும் தெரியாதபடி, இரண்டு மூன்று ஆய்வாளர்களின் அனுபவத்தை ஒன்றாக்கி எடுத்துக்காட்டாகத் தருகிறேன். பொருள், 1876 முதல் 1878 வரை சேலம் மாவட்டத்தைப் பிடித்தாட்டிய பஞ்சம். வீட்டுப் பெரியவர்கள் தாது வருஷப் பஞ்சம் என்று சொல்வார்களே, அதுதான். ஆய்வேடு 430 பக்கங்களில் இருந்தது. அதை 280 பக்கங்களுக்குள் கொண்டுவரும்படி நெறியாளர் சொல்லியிருந்தார்.

இந்தக் கோரிக்கையை நெறியாளரின் கொடுமை என்று நினைக்க வேண்டியதில்லை. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் வரலாற்று முனைவர் பட்ட ஆய்வேட்டுக்கு 1,00,000 சொற்கள் என்ற உச்சவரம்பு இருக்கிறது. நம் ஊரில் வரம்பு பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறும். பெரும்பாலும் பக்கக் கணக்கில்தான் பேசுவார்கள். தமிழில் எழுதுபவர்களுக்குச் சொற்கணக்கு ஏமாற்றக்கூடியது. ‘இடம்பெயர்ந்துகொண்டிருந்தவர்களுக்கும்’ என்பது கணினிக்கு ஒரே சொல்தான். ஓர் ஆய்வாளர், பிரித்து எழுதிய சொற்களையெல்லாம் ஓர் இரவு முழுக்க உட்கார்ந்து சேர்த்தெழுதியே பல நூறு சொற்களைக் ‘குறைத்து’ அனுப்பிவைத்தார். அந்த உழைப்பில் கால்வாசியை இரண்டாம் இயலில் செலவிட்டிருந்தால் வேலையே முடிந்திருக்கும்.

வரலாற்று ஆய்வேடுகளில் இரண்டாம் இயல் என்பது தனி ரகம். நான் சொல்லும் ஆய்வேட்டில் அது 52 பக்கங்கள். தகடூர் அதியமான் நெடுமான் அஞ்சி ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்ததில் தொடங்கி, பல்லவர், சோழர், ஒய்சளர், விசயநகரம், மைசூர் என்று ஒவ்வொரு படியாக இறங்கி, 1792இல் ஸ்ரீரங்கப்பட்டணம் உடன்படிக்கையின் வழியே, இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளை உள்ளடக்கிய பாராமகால் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்த இடத்தை அடைந்திருந்தது. பஞ்சத்தைப் பற்றிக் கேட்டால் அதியமானில் ஆரம்பிக்கும் இந்த வழக்கத்துக்குக் காரணம் சோம்பல் அன்று. முந்தைய ஆய்வேடுகள் அப்படித்தான் இருந்தன என்பது ஒன்று; புறத்தேர்வாளர் கேட்டுவிடுவாரோ என்ற பயம் மற்றொன்று. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த இயல் முதலாம் ஆண்டில், ஆவணக் காப்பகத்துக்குள் கால் வைப்பதற்கு முன்பே எழுதப்பட்டது. அப்போது கையில் இருந்தவை நூலகப் புத்தகங்கள் மட்டும்தான். கேள்வி இன்னதென்று ஆய்வாளருக்கே தெளிவாவதற்கு முன் எழுதிய பக்கங்கள் அவை. அதனாலேயே வெட்ட மனம் வராத பக்கங்களும் அவைதான்.

இங்கே நான் ஆய்வாளர்களிடம் கேட்பது ஒன்றே ஒன்று: பின்னால் வரும் இயல்களில் ஏதாவது ஒரு வாதம் இந்தப் பத்தியின் மேல் நிற்கிறதா? அதியமானின் மேல் எதுவும் நிற்கவில்லை. கேப்டன் அலெக்சாண்டர் ரீடின் மேல் நிற்கிறது. 1792க்குப் பின் அவரும் அவருக்கு உதவியாளராக இருந்த தாமஸ் மன்றோவும் பாராமகாலில் செய்த நில அளவையும் வரித்திட்டமும்தான் ரயத்துவாரி முறையின் தொடக்கம். விவசாயி இடையாள் இல்லாமல் நேரடியாக அரசுக்கு வரி கட்டும் அந்த ஏற்பாடு இல்லையென்றால், 1876இல் மழை பொய்த்தபோது எழுந்த வரித் தள்ளுபடிப் பிரச்சினையை விளக்க முடியாது. ஆகவே ரீட் இருக்க வேண்டும், அதியமான் போகலாம். 52 பக்கங்கள் ஒன்பதாயின. முடிவுரைக்கு முந்திய இயலுக்கும் இதே கதிதான். 1880ஆம் ஆண்டின் பஞ்ச ஆணைய அறிக்கையையும் 1883இன் பஞ்ச விதித் தொகுப்பையும் தாண்டி 1943 வங்கப் பஞ்சம் வரை போயிருந்தது. அதில் ஒரு பத்தியை வைத்துக்கொண்டோம்.

அட்டவணைகளில் பலருக்கும் ஒரு மயக்கம் உண்டு. எண்கள் அதிகமாக இருந்தால் ஆய்வு கனமாகத் தெரியும் என்ற நம்பிக்கையில் தாலுகா வாரியாக, சாதி வாரியாக, தொழில் வாரியாகப் பதினான்கு பக்கங்களுக்கு மக்கள்தொகைக் கணக்கை அப்படியே இறக்கியிருந்தார் இந்த ஆய்வாளர். அந்தப் பதினான்கு பக்கங்களும் சொல்ல வந்ததை இரண்டு எண்கள் சொல்லிவிடுகின்றன: சேலம் மாவட்டத்தின் மக்கள்தொகை 1871இல் சுமார் 19 லட்சத்து 67 ஆயிரம், 1881இல் சுமார் 16 லட்சம். ஆனால் இந்த இரண்டு எண்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை எடுக்கும்போது, அவற்றோடு ஒட்டியிருந்த எச்சரிக்கையையும் சேர்த்து எடுத்துவிடக் கூடாது. குறைந்த மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அத்தனை பேரும் பட்டினியில் மாண்டவர்கள் அல்லர். ஊரை விட்டுப் போனவர்கள் இருக்கிறார்கள், பிறக்காமல் போன குழந்தைகள் இருக்கிறார்கள், முந்தைய கணக்கெடுப்பின் குறைகளும் இருக்கின்றன. ஆய்வாளர் முதலில் வெட்டியது இந்த விளக்கப் பத்தியைத்தான். அட்டவணை ‘ஆதாரம்’, விளக்கம் ‘வெறும் பேச்சு’ என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. உண்மையில் பின்னிணைப்புக்குப் போக வேண்டியது அட்டவணை. இயலில் இருக்க வேண்டியது விளக்கம்.

இதைவிட நுட்பமான ஆபத்து, ஒரு வாக்கியத்தைச் சுருக்கும்போது வரும். முதல் வரைவில் இருந்த வாக்கியம் இது: ‘1877 ஜனவரியில் இந்திய அரசின் பிரதிநிதியாக வந்த சர் ரிச்சர்ட் டெம்பிள், நிவாரணப் பணிக் கூலியை ஒரு பவுண்டு தானியமும் சிறு காசும் என்ற அளவுக்குக் குறைத்தார்; சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் அந்த அளவு உயிரைக் காக்கப் போதாது என்று எதிர்த்தார்; சில மாதங்களில் சென்னை அரசு அளவை உயர்த்தியது.’ சுருக்கிய பின் அது இப்படி ஆகியிருந்தது: ‘பஞ்ச காலத்தில் அரசு ஒரு பவுண்டு தானியத்தையே கூலியாக வழங்கியது.’

வாக்கியம் ஐந்தில் ஒரு பங்காகிவிட்டது, வரலாறு பொய்யாகிவிட்டது. சில மாதங்கள் நடப்பில் இருந்த அளவு, பஞ்ச காலம் முழுவதற்கும் பொருந்துவதாக மாறிவிட்டது. இந்திய அரசு, சென்னை அரசு என்ற இரண்டு தரப்புகள் ‘அரசு’ என்ற ஒரே சொல்லுக்குள் போய்விட்டன. கூலியைக் குறைத்தவர் யார், தடுத்துப் பேசியவர் யார் என்பது மறைந்துவிட்டது. அந்த இயலின் வாதமே இந்த இரு தரப்புகளின் இழுபறிதான் என்பதை நினைத்துப் பாருங்கள். அதே செய்தியை, ‘1877 ஜனவரியில் டெம்பிள் ஒரு பவுண்டு தானிய அளவுக்குக் குறைத்த கூலியைச் சுகாதார ஆணையர் கார்னிஷ் எதிர்த்தார், சில மாதங்களில் சென்னை அரசு அதை உயர்த்தியது’ என்று பாதியளவில் எழுத முடியும். ஆண்டு, ஆள், இடம், எல்லை இந்த நான்கும் வரலாற்று வாக்கியத்தின் எலும்புகள். ‘குறிப்பிடத்தக்கது’, ‘என்பது இங்குச் சுட்டத்தக்கதாகும்’, ‘என்பதை நாம் அறிய முடிகிறது’ என்பவை சதை கூட இல்லை, வெறும் வீக்கம். 430 பக்கங்களில் இப்படிப்பட்ட வாக்கிய முடிவுகளை மட்டும் எடுத்ததிலேயே எட்டுப் பக்கங்கள் குறைந்தன. ஒரு வாதமும் அடிபடவில்லை.

அடிக்குறிப்புகளில் நடப்பதுதான் என்னை இரவில் தூங்கவிடாதது. நம் ஆய்வேடுகளில் முதல்முறை நூலின் அல்லது ஆவணத்தின் முழு விவரத்தையும் கொடுத்துவிட்டு, அடுத்தடுத்து வரும் இடங்களில் ‘மேலது’ என்று போடுவது வழக்கம். முழு விவரம் இருந்த பத்தியை வெட்டிவிட்டால், அதற்குக் கீழே இருந்த ‘மேலது’ சத்தமில்லாமல் மேலே இருக்கும் வேறோர் ஆவணத்தைச் சுட்ட ஆரம்பித்துவிடும். கணினி எண்களை ஒழுங்காக மாற்றி வைத்துவிடுவதால் பார்வைக்கு எந்தக் கோளாறும் தெரியாது. வருவாய் வாரிய நடவடிக்கைகள் என்ற ஆவணத் தொகுதியிலிருந்து எடுத்த ஒரு செய்தி, லெ ஃபானுவின் 1883ஆம் ஆண்டுச் சேலம் மாவட்டக் கையேட்டிலிருந்து எடுத்ததாகக் காட்டி நின்றதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். தேர்வாளர் அந்தக் கையேட்டைத் திறந்து பார்த்து அங்கே அது இல்லையென்று கண்டால், அதைக் கைத்தவறு என்று எடுத்துக்கொள்ள மாட்டார். எனவே வெட்டத் தொடங்குவதற்கு முன் ஒரு நாளை ஒதுக்கி, எல்லா ‘மேலது’களையும் முழு விவரமாக விரித்துவிடுங்கள். வெட்டி முடித்த பிறகு மறுபடியும் சுருக்கிக்கொள்ளலாம். அதே சமயத்தில், ‘தமிழ்நாடு ஆவணக் காப்பகம், எழும்பூர், சென்னை’ என்று ஒவ்வொரு குறிப்பிலும் எழுதுவதற்குப் பதிலாகத் தொடக்கத்தில் ஒரு குறுக்கப் பட்டியல் கொடுத்து ‘த.ஆ.கா.’ என்று போட்டால், அதுவும் சில பக்கங்களை மிச்சப்படுத்தும்.

மேற்கோள்களிலும் இதே கவனம் வேண்டும். நீண்ட மேற்கோளைச் சுருக்குகிறேன் என்று மேற்கோள் குறிகளை எடுத்துவிட்டு, நடுவில் இரண்டு சொற்களை மாற்றி, தன் வாக்கியம்போல் ஓடவிடுவது ஆய்வாளர்கள் அறியாமல் செய்யும் தவறு. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிகளின்படி பிறர் எழுத்தோடு 10 சதவீதம் வரையிலான ஒப்புமைக்குத் தண்டனை இல்லை. உரிய சான்றோடு எடுத்தாளப்பட்ட மேற்கோள்கள் அந்தக் கணக்கிலேயே சேராது. குறிகளை எடுத்த மறுகணம் அதே வரிகள் கணக்குக்குள் வந்துவிடுகின்றன. நேர்மையாகச் சான்று காட்டியிருந்த 430 பக்க ஆய்வேடு, சுருங்கிய பிறகு திருட்டுக் குற்றச்சாட்டில் மாட்டிக்கொள்வது இப்படித்தான். இயல் முழுவதையும் ஒரு செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கொடுத்துச் சுருக்கி வாங்கி வருபவர்களும் இப்போது வருகிறார்கள். ‘சில தாலுகாக்களில்’, ‘ஆட்சியரின் கடிதத்தின்படி’ என்பவற்றைத்தான் அது முதலில் விழுங்குகிறது. மேலே நான் காட்டிய டெம்பிள் வாக்கியத்தின் கதை பக்கத்துக்குப் பக்கம் நடக்கும். ‘சுருக்கித் தருகிறோம்’ என்று விளம்பரம் செய்பவர்களிடம் பணம் கட்டுபவர்களுக்கும் இதுவே பதில். என்னைப் போன்ற செம்மையாளர் மொழியைத் திருத்தலாம், ஓட்டையைச் சுட்டிக்காட்டலாம். எது வாதம், எது வீக்கம் என்ற முடிவை ஆய்வாளர்தான் எடுக்க வேண்டும். வாய்மொழித் தேர்வில் நாற்காலியில் உட்காரப்போகிறவர் அவர்.

நெறியாளரிடம் திரும்பிப் போகும் விஷயத்துக்கு வருகிறேன். ‘சுருக்குக’ என்பதற்கு என்ன பொருள் என்று கேட்க நம் ஆய்வாளர்கள் கூச்சப்படுகிறார்கள். கேட்டால் ஐயா கோபித்துக்கொள்வார், அம்மா தப்பாக நினைப்பார் என்ற தயக்கம். நான் சொல்லும் வழி எளியது. சந்திப்பு முடிந்த அன்றே, ‘தாங்கள் கூறியதை நான் இவ்வாறு புரிந்துகொண்டேன்’ என்று ஒரு பக்கக் குறிப்பை மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள். இந்த ஆய்வாளர் அப்படி அனுப்பியபோது வந்த பதிலில், நெறியாளரின் மனக்குறை நீளமே அன்று என்று தெரிந்தது. நூறாம் பக்கம் தாண்டியும் பஞ்சம் தொடங்கவில்லை என்பதுதான் அவருடைய எரிச்சல். 280 என்பது கோபத்தில் சொன்ன எண். கடைசியில் 312 பக்கங்களில் அவர் கையெழுத்திட்டார்.

எல்லா நெறியாளரும் அப்படி இருப்பதில்லை. தன்னுடைய பழைய நூலின் முடிவுக்கு எதிராக இருக்கிறது என்பதற்காக ஒரு பகுதியை நீக்கச் சொன்னவரையும் பார்த்திருக்கிறேன். அங்கே சுருக்கம் என்பது சாக்கு. அப்படிப்பட்ட இடத்தில் ஆதாரத்தைக் காப்பாற்றிக்கொண்டு தொனியைத் தணிப்பதும், ஆய்வு ஆலோசனைக் குழுக் கூட்டத்தில் அந்தப் பகுதியை வெளிப்படையாகவே முன்வைத்து மற்ற உறுப்பினர்களின் கருத்தைப் பதிவாக்கிக்கொள்வதும்தான் நான் சொல்லக்கூடியது. சண்டை போட்டு வென்ற ஆய்வாளரை நான் இதுவரை சந்திக்கவில்லை.

வெட்டிய ஒவ்வொன்றையும் ஒரு பதிவேட்டில் குறித்து வையுங்கள்: பழைய பக்க எண், பொருள், நீக்கிய காரணம், இப்போது அது இருக்கும் கோப்பு. ஆய்வுச் சுருக்கத்தை முன்பே சமர்ப்பித்திருந்தால், அதில் சொல்லியிருந்த இயல் இப்போது ஆய்வேட்டில் இருக்கிறதா என்று சரிபார்க்கவும் அந்தப் பதிவேடு உதவும். நம் ஆய்வாளரின் வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர், சேலத்து நெசவாளர்கள் இந்தப் பஞ்சத்தில் என்ன ஆனார்கள், ஏன் அவர்களைப் பற்றித் தனி இயல் இல்லை என்று கேட்டார். ஆய்வாளர் பதிவேட்டைப் புரட்டி, பழைய 211 முதல் 248 வரையிலான பக்கங்களில் அந்த இயல் இருந்தது, இரண்டு தாலுகாக்களுக்கு மட்டுமே சான்று கிடைத்ததால் மாவட்டம் முழுவதற்குமான இயலாக அதை வைக்க முடியவில்லை என்று சொல்லி, அந்த இரண்டு தாலுகாக்களின் பெயரையும் சொன்னார். தேர்வாளர் தலையசைத்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பினார். அடுத்த கேள்வி, வரைபடத்தில் அளவுகோல் விடுபட்டிருப்பதைப் பற்றியது.